ஆட்சி போன பின் ஆடிய அரசர்

1831-இல் ஆங்கிலேயர் மைசூரின் நிர்வாகத்தைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதன் அரசர் மும்மடி கிருஷ்ணராஜ உடையாருக்கு மிஞ்சியது பட்டமும் அரண்மனையும்தான். 1868-இல் இறக்கும்வரை, 37 ஆண்டுகள், உத்தரவிட நாடு இல்லாத அரசர். அந்தக் காலத்தை அவர் விளையாட்டுகளால் நிரப்பினார் என்பது என்னை ஆழமாகத் தொடுகிறது.

கையால் ஓவியம் தீட்டிய கஞ்சிஃபா சீட்டில் தசாவதாரக் கட்டு 120 சீட்டுகள் கொண்டது. அவதாரத்துக்குப் பன்னிரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு ராஜா, ஒரு மந்திரி. உடையாருக்கு அது போதவில்லை. 36 சீட்டில் தொடங்கி 360 சீட்டுவரை புதுப்புது ஆட்டங்களை வகுத்தார். 360 சீட்டு! எத்தனை தெய்வங்கள், வாகனங்கள், பரிவாரங்கள்! அவர் பெயரில் தொகுக்கப்பட்ட 'ஸ்ரீதத்துவநிதி' நூலின் கௌதுகநிதிப் பகுதியில் அந்த ஆட்டங்கள் பதிவாகியுள்ளன. சதுரங்கக் குதிரை எந்தக் கட்டத்தையும் இருமுறை மிதிக்காமல் பலகை முழுதும் சுற்றிவரும் புதிரிலும் அவர் ஊறிக் கிடந்தார்.

சோதனைக் காலத்தில் வீடியோ கேமில் வேறொரு வீரனாக வாழ்ந்து மீண்டவர்களுக்கு இவரைச் சட்டென்று புரியும். அங்கே விதிகள் நிலையானவை. எடுக்கும் முடிவுக்கு மதிப்பு உண்டு. நாடிழந்தவருக்கு அது சின்ன விஷயமல்ல.

வழக்கொழிந்துகொண்டிருந்த இந்தச் சீட்டோவியத்துக்கு நம் காலத்தில் உயிரூட்டியவர் மைசூருவின் ஓவியர் கஞ்சிஃபா ரகுபதி பட்டா. அவர் தீட்டிய வட்டச் சீட்டுகளை அவசியம் பாருங்கள்.