ஜோனி மாரின் கிற்றாரும் 'த ஸ்மித்ஸ்' குழுவும்: ஒரு விமரிசன நோக்கு

பாடலைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் சொற்களைப் பற்றியே எழுதி முடித்துவிடுகின்றனர். எமது தமிழ்ச் சூழலில் இது பழகிப்போனதொன்று. திரைப்பாடலாயினும் மெல்லிசைப் பாடலாயினும் கவிஞர் என்ன சொன்னார் என்பதை நுணுகி ஆராயும் நாம், அச்சொற்களைத் தாங்கி நிற்கும் இசையைப் பற்றி 'இனிமையானது' என்ற ஒரு சொல்லோடு அமைதியடைகின்றோம். மேற்குநாட்டு றொக் இசை பற்றிய விமரிசனமும் இக்குறைபாட்டிலிருந்து விடுபட்டதன்று. 1982 முதல் 1987 வரை இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரைச் சார்ந்து இயங்கிய 'த ஸ்மித்ஸ்' என்னும் குழு இதற்குத் தக்க உதாரணமாகும். அக்குழுவின் பாடகரும் பாடலாசிரியருமான மொறிசியின் சொற்களைப் பற்றிப் பல நூல்களும் ஆய்வுகளும் வெளிவந்துள்ளன. அவற்றைத் தாங்கும் இசையை ஆக்கிய கிற்றார்க் கலைஞர் ஜோனி மாருக்கும் பாராட்டுக் குறைவில்லை. ஆனால் அது பெரும்பாலும் விரல்களின் கைத்திறனுக்குக் கிடைத்த பாராட்டு, ஆக்கியோனுக்குக் கிடைத்ததன்று. இவ்வேறுபாட்டினைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மான்செஸ்ரர் எம்மவர்க்கு முற்றிலும் அந்நியமான பெயரன்று. பருத்தி ஆலைகளின் அந்நகரிலேதான் ஏங்கெல்ஸ் தம் குடும்பத்தினரின் நிறுவனத்திற் பணிபுரிந்தவாறு தொழிலாள வர்க்கத்தின் வாழ்நிலையை அவதானித்து, 1845 இல் அதனை நூலாக்கினார். ஏறத்தாழ 140 ஆண்டுகளின் பின், பருத்தித் தொழில் நலிந்து, பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தைத் தாண்டிய 1982 ஆம் ஆண்டில் இக்குழு தோன்றிற்று. உறுப்பினர் நால்வரும் ஐரிஷ் வம்சாவழியினர். மாரின் பெற்றோர் அயர்லாந்தின் கில்டேர் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள். 1963 இல் பிறந்த மார், தம்மிலும் நான்கு வயது மூத்தவரான மொறிசியின் வீட்டுக் கதவைத் தட்டி, தம்மோடு சேர்ந்து பாடல் எழுத வருமாறு கேட்டபோது அவருக்கு இருபது வயது நிரம்பவில்லை. இச்சமூகப் பின்னணி முக்கியமானதே. எனினும், பின்னணியை விரித்தெழுதிவிட்டுக் கலையை ஆராய்ந்துவிட்டதாகத் திருப்தியுறும் வழக்கம் எம்மிடையே உண்டு. வேலையில்லாத் திண்டாட்டம் மான்செஸ்ரர் இளைஞர் பலருக்கும் பொதுவாக இருந்தது. அவர்களுள் ஒருவர் மாத்திரம் ஏன் இவ்வாறு வாசித்தார் என்பதற்கு அது விடை தராது.

குழுவின் இசைத்தட்டுக்களை வெளியிட்ட 'றஃப் றேட்', 1976 இல் இலண்டனில் ஓர் இசைத்தட்டுக் கடையாகத் தொடங்கி, 1978 முதல் வெளியீட்டுத் துறையில் இறங்கிய சுயாதீன நிறுவனமாகும். முதலாவது தட்டான 'ஹான்ட் இன் குளவ்', மான்செஸ்ரரை அடுத்த ஸ்ரொக்போர்ட்டில் வெளியார் தயாரிப்பாளர் எவருமின்றிக் குழுவினராலேயே ஒலிப்பதிவு செய்யப்பட்டு 1983 மே மாதம் வெளிவந்தது. சுயாதீனம் என்றால் முழுச் சுதந்திரம் என்று கொள்ளலாகாது. முதலாவது நீண்ட தொகுப்பிற்கென ஒருமுறை செய்த ஒலிப்பதிவு கைவிடப்பட்டு, ஜோன் போர்ட்டர் என்ற தயாரிப்பாளரின் கீழ் மீண்டும் செய்யப்பட்டது. ஆயினும் 1985 இல் வந்த 'மீற் இஸ் மேர்டர்' தொகுப்பினைக் குழுவினரும், 1986 இல் வந்த 'த குயீன் இஸ் டெட்' தொகுப்பினை மொறிசியும் மாருமே தயாரித்தனர். ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒரு கிற்றார்க் கலைஞர் தம் வாத்தியத்தை வாசிப்பதோடு நில்லாது, முழு ஒலியமைப்பிற்கும் பொறுப்பாளராக இருந்தார் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

இனி, இவர்கள் பாடல் ஆக்கிய முறையினை நோக்குவோம். மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்ற விவாதம் தமிழ்த் திரையிசை பற்றிப் பேசுவோரிடம் நெடுங்காலமாக இருந்துவருகின்றது. ஸ்மித்ஸ் குழுவில் இசையே பெரும்பாலும் முந்திப் பிறந்தது. மார் தம் இசையைக் கசற்றில் பதிந்து கொடுக்க, மொறிசி அதனைக் கேட்டுச் சொற்களை அமைத்தார். இதனைக் கொண்டு, எமது இசையமைப்பாளர் மெட்டமைக்கக் கவிஞர் வரி எழுதும் முறையே இதுவும் என்று ஒருவர் கூறலாம். அவ்வாறன்று. எமது முறையில் பாடகர் பாடவேண்டிய மெட்டினை இசையமைப்பாளரே வகுத்துவிடுகின்றார். எத்தனை அசை, எங்கே நீட்டம் என்பதெல்லாம் முன்னரே முடிவாகிவிடும். மாரின் கசற்றில் பாடகருக்கான மெட்டு இருக்கவில்லை. அங்கிருந்தது கிற்றாரின் தனிப் போக்கு, அதன் ஏற்ற இறக்கம், திருப்பங்கள் ஆகியனவே. குரல் செல்லவேண்டிய வழியை மொறிசியே கண்டுபிடித்தார். ஆகவே, மாரினை 'மெட்டமைத்தவர்' என்றும் சொல்ல முடியாது. பாடலுக்குப் பின்வந்து துணைநின்ற 'பக்கவாத்தியக்காரர்' என்று சொல்வதோ முற்றிலும் பிழை. நாடகத்திற்குக் களம் அமைப்பது போல, குரல் வந்து நடமாடுவதற்கான இடத்தினை அவர் அமைத்தார். களத்தின் வாசல் எங்குள்ளதோ அங்கேதான் பாத்திரம் நுழையமுடியும். இதற்குப் பொருத்தமான கலைச்சொல் எம்மிடம் இல்லை. ஆங்கில விமரிசனத்திலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இதனை ஒரு பாடலைக் கொண்டு விளக்கலாம். 1984 இல் ஒலிப்பதிவான 'ஹவ் சூன் இஸ் நவ்' இக்குழுவின் பாடல்களுள் மிகப் பரவலாக அறியப்பட்டவற்றுள் ஒன்று. வெளியீட்டாளர் அதனை முதலில் வேறொரு பாடலைக் கொண்ட 12 அங்குலத் தட்டின் பின்பக்கத்திலேயே இட்டனர் என்பது இன்று வியப்பளிக்கின்றது. 1985 இல்தான் அது தனித் தட்டாயிற்று. ஆறரை நிமிடத்திற்கும் மேற்பட்ட அப்பாடலின் பெரும்பகுதி ஒரே சுரத்தளத்தை விட்டு நகர்வதில்லை. தம்பூராவின் சுருதியைக் கேட்டு வளர்ந்த எமக்கு இது புதுமையன்று. மூன்று நிமிடத்துள் மூன்று திருப்பம் காட்டவேண்டிய ஆங்கில ஜனரஞ்சக இசையில் அது துணிச்சலான காரியம். அத்தளத்தின்மீது கிற்றாரின் ஒலி அலை அலையாய் நடுங்குகின்றது. 'ட்றெமலோ' எனப்படும் இவ்வதிர்வு ஒலியளவு ஒழுங்காக ஏறி இறங்குவதால் உண்டாவது. ஒலிப்பதிவு செய்த கிற்றார் ஒலியை நான்கு அம்பிளிபயர்களினூடாக அனுப்பி, ஆளுக்கு இரண்டாக மாரும் போர்ட்டரும் அவற்றின் குமிழ்களைக் கையாற் திருகி, ட்றம்மின் தாளத்தோடு அதிர்வு பிசகாதவாறு பார்த்துக்கொண்டனர். தாளம் தவறும்போது நாடாவைப் பின்னோக்கிச் சுற்றி விட்ட இடத்திலிருந்து தொடங்கினர். சில வேளைகளில் பத்துச் செக்கன் அளவே ஒருதரத்திற் பதியமுடிந்தது.

இத்தகவலை ஒரு தொழில்நுட்ப விந்தையாக நான் இங்கு தரவில்லை. கூச்சத்தினால் மனிதரோடு ஒட்டமுடியாத ஒருவன், கூட்டத்தின் நடுவே தனியே நின்று, தனியே வீடு திரும்புவதைப் பற்றியதே பாடலின் பொருள். சொற்களை மாத்திரம் படிப்போமாயின் அது சுயஇரக்கம் மிகுந்ததொரு முறைப்பாடாகவே தோன்றும். எனக்கு அவ்வாறே தோன்றிற்று. ஆனால் அக்குரலைச் சூழ்ந்து நடுங்கும் ஒலியானது, நடன மண்டபத்தின் அதிர்வாகவும் அங்கு நிற்பவனின் உடல் நடுக்கமாகவும் ஒரே வேளையில் அமைந்துவிடுகின்றது. கூட்டமும் தனிமையும் ஒரே ஓசைக்குள் அடங்கியுள்ளன. மொறிசி கசற்றைக் கேட்டபோது அவ்விசைக்குப் பெயரில்லை. மார் அதனைச் 'சுவாம்ப்', அதாவது சதுப்புநிலம், என்ற தற்காலிகப் பெயரால் அழைத்து வந்தார். சதுப்பிற் கால் புதைந்தவனைப் பற்றியே பின்னர் வந்த சொற்களும் பேசுகின்றன என்பதை நோக்குகையில், பொருள் இசையிலிருந்தே சொல்லுக்குச் சென்றது என்று கொள்ள இடமுண்டு.

றொக் கிற்றார் என்றதும் நினைவுக்கு வருவது இடைநடுவே பாடகரை ஒதுக்கிவிட்டு வேகமாக வாசிக்கப்படும் தனி வாசிப்பாகும். எமது கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் பெறும் இடத்தினை அங்கு அது பெறுகின்றது. மார் அதனை ஏறக்குறைய முற்றாகவே தவிர்த்தார். 1987 இன் 'ஷொப்லிஃப்ரர்ஸ் ஒவ் த வேர்ல்ட் யுனைற்' போன்ற விதிவிலக்குகள் மிகச் சிலவே. அதற்குப் பதிலாக, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கிற்றார்ப் பகுதிகளை அடுக்கும் முறையினைக் கைக்கொண்டார். 1983 இன் 'திஸ் சார்மிங் மான்' பாடலில் ஏறத்தாழ 15 கிற்றார்த் தடங்கள் உள்ளன என்றும், அவற்றின் அடியில் ஒரு கிற்றாரின் தந்திகள்மீது உலோகப்பிடியுள்ள கத்தியை விழவிட்டுப் பெற்ற ஓசையும் மறைந்துள்ளதென்றும் அவரே கூறியுள்ளார். காதுக்கருவி அணிந்து பலமுறை கேட்டும் அக்கத்தியினை என்னாற் பிரித்தறிய முடியவில்லை. பிரித்தறிய முடியாதவாறு அமைத்தமையே அதன் சிறப்பு எனலாம். பிரித்தானிய நாட்டார் இசைக் கிற்றார்க் கலைஞர் பேர்ட் ஜான்ஷிடமிருந்து, சுரங்களை ஒருங்கே அடிக்காது ஒவ்வொன்றாக உதிர்க்கும் பாணியை அவர் கற்றுக்கொண்டார். தனி ஒருவரின் பாணியாக இருந்த அது, இங்கே பலர் கூடி வாசிப்பது போன்ற தோற்றத்தைப் பெறுகின்றது.

ஆனால் இத்தன்னடக்கமே அவருக்கு வினையாயிற்று. தனி வாசிப்பு இருந்திருந்தால், 'இது மாருடையது' என்று சுட்டிக்காட்டக்கூடிய ஓர் இடம் கிடைத்திருக்கும். பாடலெங்கும் பரந்திருப்பதை எவரும் சுட்டுவதில்லை.

மார் வானத்திலிருந்து குதித்தவரல்லர். 'தெயர் இஸ் எ லைற் தற் நெவர் கோஸ் அவுட்' பாடலின் தொடக்கத்தில் வரும் கோட் அடிப்பு, றோலிங் ஸ்ரோன்ஸ் பாடிய 'ஹிச் ஹைக்'கிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அவரே ஒப்புக்கொண்டுள்ளார். எல்விஸ் பிறெஸ்லியின் ஒரு பாடலின் சாயல் 'றஷோம் றஃபியன்ஸ்' பாடலில் வெளிப்படையாகவே தெரிகின்றது. இவற்றைக் களவு என்பதா, மரபு என்பதா? பழைய துண்டொன்று புதிய இடத்தில் என்ன செய்கின்றது என்பதைக் கொண்டே தீர்மானிக்கவேண்டும். முதலிற் சொன்ன பாடலில், அன்புக்குரியவரோடு வீதி விபத்தொன்றில் மரிப்பதையும் பேறாகக் கருதும் ஒருவன் பேசுகின்றான். அச்சொற்களுக்கு ஒப்பாரி இசை அமைந்திருப்பின் பாடல் சகிக்கமுடியாததாகியிருக்கும். மாரோ நிதானமான நடையொன்றையும், மின்னிசைக் கருவியில் தாமே உருவாக்கிய வயலின் கூட்டிசையையும் அமைத்தார். அவ்வயலின்களை வாசித்தோராக, இல்லாத ஒரு குழுவின் பெயரை வேடிக்கையாகத் தொகுப்பின் உறையில் அச்சிட்டனர். சொல் மிகையாகும்போது இசை அடங்குகின்றது. மொறிசியின் மிகை எமக்கு உவப்பாய் இருப்பதற்கு மாரின் அடக்கமே காரணம் என்பது என் துணிபு.

எல்லாப் பாடல்களும் இத்தரத்தின அல்ல. 'மீற் இஸ் மேர்டர்' தொகுப்பின் தலைப்புப் பாடலில் பிரசாரம் முந்திக்கொள்ள, இசை பின்னணிச் சத்தமாகக் குறுகிவிடுகின்றது. 1987 கோடையில் மார் விலகக் குழு கலைந்தது. அதன் பின்னர் இருவரும் தனித்தனியே பலகாலம் இயங்கினர். மாரின் முதலாவது தனித்தொகுப்பான 'த மெசெஞ்சர்' 2013 இல் வெளிவந்தது. அதில் கிற்றார் முன்போலவே துடிப்புடன் இருக்கின்றது. எதிர்த்து நிற்க ஒரு குரல் இல்லை. மொறிசியின் தனிப்பாடல்களிலோ குரலுக்கு அடங்கிப்போகும் வாத்தியங்களே மிகுதி. களம் பற்றி முன்னர் கூறியது ஒருவர் பெருமையை மற்றவர்க்கு மாற்றிக்கொடுக்கும் முயற்சியன்று என்பது இதனாற் புலப்படும்.

இறுதியாக ஒரு சங்கடமான விடயத்தையும் பேசவேண்டியுள்ளது. கிற்றார்க் கலைஞரின் ஆக்கப் பங்கினை வலியுறுத்தும் இக்கட்டுரையின் வாதத்தை அப்படியே நீட்டினால், பேஸ் கிற்றார் வாசித்த அன்டி றூர்க்கிற்கும் ட்றம் வாசித்த மைக் ஜொய்ஸிற்கும் என்ன இடம்? றஃப் றேட் நிறுவனத்துடனான ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டோர் மொறிசியும் மாரும் மாத்திரமே. கச்சேரி, இசைத்தட்டு வருமானத்தில் அவ்விருவரும் நூற்றுக்கு 40 வீதம் எடுத்துக்கொள்ள, மற்ற இருவருக்கும் 10 வீதமே கிடைத்து வந்தது. ஜொய்ஸ் தொடுத்த வழக்கில், 1890 ஆம் ஆண்டின் பங்குடைமைச் சட்டத்தின் அடிப்படையில் அவர் நான்கிலொரு பங்கிற்கு உரியவர் என 1996 இல் இலண்டன் உயர் நீதிமன்றம் தீர்த்தது. மொறிசியின் மேன்முறையீடும் 1998 இல் தள்ளுபடியாயிற்று. றூர்க்கோ, பணநெருக்கடியால் 1989 இலேயே 83,000 பவுணுடன் இணங்கிப்போயிருந்தார். பக்கவாத்தியம் என்று பிறர் கருதிய நிலையிலிருந்து தம் கிற்றாரை மீட்ட அதே மார், தம் நண்பர்களின் வாத்தியங்களுக்கு அந்நிலையையே கணக்கேட்டில் விதித்தார் என்பதை மறைத்துவிட்டு அவரைப் பாராட்டுவது நேர்மையாகாது.

நீதிமன்றத் தீர்ப்பு வருமானப் பங்கினைப் பற்றியதே. பாடலை ஆக்கியோர் யாவர் என்பதை அது தொடவில்லை. 'பார்பரிஸம் பிகின்ஸ் அற் ஹோம்' என்ற ஏறத்தாழ ஏழு நிமிடப் பாடலைக் கேட்போர், அதனை முதலிலிருந்து முடிவுவரை இழுத்துச் செல்வது கிற்றாரன்று, பேஸ் கிற்றாரே என்பதை உடனே உணர்வர். றூர்க் 2023 மே மாதம் காலமானார். அப்பாடலை ஆக்கியோராக இன்றும் அச்சிடப்படுவன மொறிசி, மார் என்னும் இரு பெயர்களே.