திருமுல்லைவாயிற் பதிகமும் பிழைபொறுத்தலும்

கொரட்டூர்ப் புகைவண்டி நிலையத்தினின்று ஆவடி நோக்கிச் செல்வார்க்கு மூன்றாவதாக எதிர்ப்படுவது திருமுல்லைவாயில். வடதிருமுல்லைவாயில் எனப் போற்றப்பெறும் அத்தலத்தில் நம்பியாரூரர் அருளிய பதிகத்தை, கண் பெறாத பதிகம் என்று எளிதாகக் கடந்து செல்வார் உளர். காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் கிடைத்தன. ஆகலின் ஆண்டுப் பாடிய பதிகங்களே பயன் தந்தன. முல்லைவாயிலினும் வெண்பாக்கத்தினும் வேண்டியது கைகூடிற்றிலது என்பது அவர் கணக்கு. வாழ்வில் வெற்றியாவது கேட்டது கைவருதலே என்று கொள்வார்க்கு இக்கணக்குப் பொருந்தும். பதிகங்களை ஓதி ஆராய்வார்க்குப் பொருந்தாது.

நிகழ்ந்ததை நினைவுகூர்க. திருவொற்றியூரிற் சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுறவு செய்யுமுன், ஆரூரர் இறைவனைச் சந்நிதி நீங்கி மகிழின்கீழ் எழுந்தருளியிருக்க வேண்டினார். அங்ஙனமாயின் சூள் தம்மைப் பிணியாது என்பது அவர் எண்ணம். இறைவன் அதனைச் சங்கிலியார்க்குக் கனவில் உணர்த்த, மகிழின்கீழேயே சூள் நிகழ்ந்தது. பின்னர் இளவேனில் வர, ஆரூரை நினைந்து எல்லை கடந்தார். இரு கண்ணும் ஒளியிழந்தன. எனவே இது மறதியால் வந்த பிழையன்று; முன்னரே வழிவகுத்துக்கொண்ட பிழை என்க.

இனி முல்லைவாயிற் பதிகத்தை நோக்குவாம். ஒரு பாட்டில், சங்கிலியின் பொருட்டுத் தம் கண்ணைக் கொண்ட பண்புடையவன் என்னும் கருத்துப்பட இறைவனை விளிக்கின்றார். இது தோழமையால் வந்த இகழ்ச்சிக் குறிப்பு எனினும் அமையும். அவர்க்கு அது புதிதன்று. ஆயின் சங்கிலியாரின் பெயர் ஆண்டு நிற்பானேன்? தண்டம் யார்பொருட்டு வந்தது என்பதை அவர் மறைத்திலர். வஞ்சிக்கப்பட்டவரின் பெயரை விடுத்து மன்னிப்பு மட்டும் வேண்டுதல் நம்மனோரிடைப் பெருவழக்கு அன்றோ?

வெண்பாக்கத்துப் பதிகம் பின்னும் ஆழ்ந்து செல்கின்றது. இறைவன் பொறுப்பான் என்னும் துணிவினாலேயே தாம் பிழைத்ததாக அங்கே கூறுகின்றார். மன்னிப்பை முன்னரே கைப்பொருளாக எண்ணித் தவறுசெய்யும் உள்ளத்தை இத்துணை நேரே காட்டிய தோத்திரம் அரிது. அதற்குக் கிடைத்ததோ ஊன்றுகோல் ஒன்றே. (அப்பழைய தலம் 1944-இல் அமைந்த பூண்டி நீர்த்தேக்கத்துள் மூழ்கியது, கோயில் பின்னர்ப் பூண்டியில் எடுக்கப்பெற்றது.) கோலை ஏளனம் என்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று. பெற்றோர் மக்களை ஒறுத்தலை உவமையாக்கி, இறைவன் தண்டமும் கருணையே எனச் சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் நிறுவினார். அந்நெறியிற் காணின், கோல் மறுப்புமன்று, முழுவிடுதலையுமன்று. பிழையின் பயனைச் சுமந்தே நடத்தற்கு ஒரு துணை. கண்ணிலாது அவர் நடந்த அவ்வழியே அவரை மாற்றிற்று. காஞ்சியிற் பெற்ற கண் அதன்பின் வந்தது.

ஒன்று மட்டும் எமக்குக் குறையாகவே நிற்கின்றது. பரவையாரின் ஊடல் தீர இறைவன் இருமுறை தூது நடந்ததைச் சேக்கிழார் விரித்தோதினார். ஒற்றியூரில் தனித்திருந்த சங்கிலியார் பொறுத்தனரோ என்பதை அங்ஙனம் விரித்திலர்.