கூண்டு கட்டும் கலை: நாமக்கல் குடும்ப லாரிகள்

தொழிற்சாலையின் வாயிலைக் கடந்து வெளியே வரும் லாரி, தமிழகச் சாலைகளின் வரலாற்றில் நெடுங்காலம் பாதி லாரியாகவே இருந்து வந்தது. நீளவாக்கில் ஓடும் இரண்டு எஃகுச் சட்டங்கள், அவற்றின் முன்முனையில் எஞ்சின், அதையடுத்து கியர் பெட்டி, பிறகு அச்சுகள், சக்கரங்கள், ஸ்டீயரிங் என்று இவ்வளவும் சேர்ந்த அடித்தளமே சேஸ் எனப்படுவது. ஓட்டுநர் அமரும் கேபினும் சரக்கு ஏறும் கூண்டும் அதில் இரா. அந்தக் குறையை நிறைவு செய்யும் வேலை, அதாவது தொழிலில் இருப்போர் ‘பாடி கட்டுதல்’ என்று சொல்லும் வேலை, நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரப் பட்டறைகளில் தச்சரும் கொல்லரும் தகடு அடிப்போரும் வண்ணம் தீட்டுவோரும் கூடிச் செய்யும் கைவினையாக வளர்ந்தது. சிற்பத்துக்கும் நெசவுக்கும் கிடைத்த ரசனை இதற்குக் கிடைத்ததில்லை. ஆயினும், பயன்பாட்டிலிருந்தே பிறந்து, பயன்படுத்துவோரின் அனுபவத்தாலேயே திருத்தம் பெற்று வந்த கலை என்ற வகையில் இதற்கு ஈடாகக் காட்டக்கூடியவை தமிழகத்தில் அதிகமில்லை.

இந்தக் கலையின் இயல்பைப் புரிந்துகொள்ள, அதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். நாமக்கல் வட்டார லாரித் தொழில் பெருநிறுவனங்களால் எழுந்ததன்று. மழையை நம்பிய மேட்டுநிலக் குடும்பங்கள், உழவு தராத வருமானத்தைச் சாலையில் தேடியதன் விளைவாக எழுந்தது. கிளீனராக வண்டியேறிய இளைஞர் சில ஆண்டுகளில் ஸ்டீயரிங் பிடித்து, பிறகு பங்காளியோடோ மைத்துனரோடோ பங்கு சேர்ந்து, உள்ளூர் பைனான்சில் கடன் பெற்று ஒரு வண்டி வாங்கி, அதன் டியூ, அதாவது மாதத் தவணை, கட்டி முடிந்ததும் அடுத்த வண்டிக்கு முன்பணம் கொடுத்த வரலாறுதான் இங்கே பெரும்பாலான லாரி வீடுகளின் வரலாறு. ஆகவே பட்டறைக்கு வந்து நின்ற முதலாளி, பல ஆயிரம் கல் தொலைவு தானே ஓட்டியவராக இருந்தார். மலைச்சாலை வளைவில் சரக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதும், மழைநீர் கூண்டின் எந்த மூலையில் தேங்கிப் பலகையை அழுகச் செய்யும் என்பதும், இரவில் நின்ற வண்டியில் எந்தக் கொக்கியைக் கழற்றினால் திருடன் தார்ப்பாய்க்குள் கை விட முடியும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் சொல்லச் சொல்லத் தச்சர் அளவெடுத்தார். வரைபடம் என்று தனியே ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை. இருவரின் உரையாடலே வரைபடமாக அமைந்தது. இந்த உரையாடலின் தடயம் கூண்டில் தங்கியிருப்பதுதான் நாமக்கல் லாரியின் அழகு.

சேஸைத் தேர்ந்தெடுப்பதிலேயே வீட்டுக்கு வீடு வழக்கம் வேறுபட்டது. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, 1955-இல் பிரிட்டனின் லேலண்டோடு சேர்ந்து பெயர் மாறிய அசோக் லேலண்ட், சென்னையை அடுத்த எண்ணூரில் வண்டிகளை உருவாக்கியது. 1954 முதல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் கூட்டுறவில் ஜாம்ஷெட்பூரில் டாடா லாரிகள் உருவாயின. லேலண்ட் வீடு, டாடா வீடு என்று குடும்பங்களைப் பிரித்துப் பேசுமளவுக்கு இந்தப் பற்று ஆழமானது. பக்கத்து வீட்டுக்காரர் மாற்று நிறுவன வண்டி வாங்கினால் அது ஊர்ச்செய்தி. டாடா 1210, 1612 போன்ற எண்களை இந்த வீடுகளின் சிறுவர்கள் வாய்பாடுபோல் அறிந்திருந்தனர்: முதல் இரண்டு இலக்கங்கள் சரக்கோடு சேர்ந்த மொத்த எடையை டன்னிலும், அடுத்த இரண்டு எஞ்சினின் குதிரைத்திறனைப் பத்தில் ஒரு பங்காகவும் குறிப்பதால், 1210 என்பது ஏறத்தாழ 12 டன், 100 குதிரைத்திறன் என்று பொருள்படும். வாங்கிய சேஸைப் பட்டறைக்குக் கொண்டுவருவதும் தனித்திறனுக்குரிய வேலையாக இருந்தது. கேபினோ கண்ணாடியோ இல்லாத மொட்டைச் சேஸில், தற்காலிக இருக்கையில் அமர்ந்து, தலையிலும் முகத்திலும் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலையும் புழுதியையும் நேரே வாங்கியபடி ஓட்டி வந்தவர்களை நெடுஞ்சாலைகளில் கண்டோர் பலர்.

கூண்டின் முதல் வேலை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. சேஸின் எஃகுச் சட்டத்தின் மேல் நேரடியாக இரும்பை வைத்தால், ஓட்டத்தின் அதிர்வில் இரண்டும் உரசித் தேயும். சட்டத்தில் துளையிட்டால் அத்துளையைச் சுற்றி நாளடைவில் விரிசல் தோன்றும். ஆகவே சேஸின் நீளத்துக்கு ஒத்த கனமான மரச்சட்டத்தை அதன்மேல் கிடத்தி, யு வடிவில் வளைத்த இரும்புக் கம்பியால் மரத்தையும் எஃகையும் சேர்த்துத் தழுவி, கீழிருந்து மரையால் முறுக்குகின்றனர். யு போல்ட் என்று இதற்குப் பெயர். மேடுபள்ளச் சாலையில் ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் இறங்கும்போது சேஸ் முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கலைக் கூண்டு முற்றிலும் எதிர்த்தாலும் உடையும், முற்றிலும் இணங்கினாலும் ஆட்டம் கண்டுவிடும். மரம் தன் நெகிழ்வால் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையைத் தருகிறது. நீளச் சட்டத்தின் மேல் குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் தளப்பலகை, ஓரங்களில் நிற்கும் தூண்கள், தூண்களுக்கிடையே பக்கப் பலகைகள், பின்னால் கீல் வைத்துத் திறக்கும் கதவு என்று கூண்டு எழும்போது, ஒவ்வொரு மூட்டும் இந்த இடைநிலையைக் காக்க வேண்டியிருக்கிறது. தேர்ந்த கை கட்டிய கூண்டை, சரக்கில்லாமல் ஓடும் வண்டியின் ஓசையைக் கொண்டே அறியலாம். தளர்ந்த மூட்டுகள் ஒவ்வொன்றாகச் சலசலக்கும், நல்ல கூண்டோ ஒரே கனத்த ஒலியாக முழங்கிச் செல்லும். முகப்பின் அலங்காரத்தில் மயங்காமல் காலி வண்டியின் ஒலிக்குச் செவி கொடுப்பதே இக்கலையில் ரசனையின் தொடக்கம் எனலாம்.

கூண்டின் வடிவத்தைத் தீர்மானிப்பது சரக்கு. சிமென்ட் மூட்டை ஒன்று 50 கிலோ என்பதால் 10 டன்னுக்கு 200 மூட்டைகள் போதும். எடை நிறைந்துவிடும், உயரம் எஞ்சி நிற்கும். தென்னை நாரும் பஞ்சும் இதற்கு நேர்மாறானவை, இடம் நிறைந்தபின்னும் எடை நிறையாது. முதல் வகைக்குத் தாழ்ந்த, தளம் தடித்த கூண்டும், இரண்டாம் வகைக்கு உயர்ந்த, பக்கங்கள் இலேசான கூண்டும் பொருந்தும். நாமக்கல்லின் மற்றொரு பெருந்தொழிலான கோழிப்பண்ணையிலிருந்து கேரளத்துக்குச் செல்லும் முட்டைக்கோ காற்றோட்டமும் குலுக்கலற்ற ஓட்டமும் வேண்டும். ஒரே சரக்கை மட்டும் ஏற்றிப் பிழைக்கும் வண்டிக்கு இவற்றில் ஒன்றைத் தேர்வது எளிது. ஆனால் நாமக்கல் வண்டியின் வாழ்வு ரிட்டர்ன் லோடில் இருக்கிறது. போன ஊரிலிருந்து காலியாகத் திரும்பினால் வாடகையில் பாதி டீசலுக்கே கரையும் என்பதால், எந்த ஊரில் எந்தச் சரக்கு கிடைத்தாலும் ஏற்றத்தக்க கூண்டு தேவைப்பட்டது. தாழ்ந்த பக்கங்களைத் தேவைக்கேற்பப் பலகை செருகி உயர்த்தும் அமைப்புகளும், பக்கம் நெடுகிலும் நெருக்கமாகப் பதித்த கயிற்றுக் கொக்கிகளும் இத்தேவையிலிருந்து வந்தவையே. எல்லாச் சரக்குக்கும் ஓரளவு பொருந்தி எதற்கும் முரணாகாத அந்தச் சராசரி வடிவத்தைக் கண்டடைந்ததில்தான் பட்டறையின் உண்மையான மேதைமை வெளிப்படுகிறது.

கூண்டோடு சேர்த்தே பேச வேண்டியது தார்ப்பாய் கட்டும் திறன். பின்பக்கத் தார்ப்பாயை முதலில் விரித்து, முன்பக்கத்ததை அதன் விளிம்பின் மேல் படியுமாறு பிறகு விரித்தால், ஓட்டத்தில் எதிர்க்காற்று மடிப்புக்குள் நுழையாது. இந்த வரிசை மாறினால் தார்ப்பாய் காற்றை வாங்கிக் கிழியும். கயிற்றை நடுவில் மடித்துக் கண்ணி போட்டு, அதன் முனையைக் கீழ்க்கொக்கியில் கொடுத்துத் திரும்பக் கண்ணிக்குள் நுழைத்து இழுக்கும் முடிச்சு, கப்பியின் இயக்கத்தை ஒத்து இழுப்பவரின் வலுவைப் பன்மடங்காக்குகிறது; ஆனால் முனையை ஒரு சுண்டு சுண்டினால் அவிழ்ந்துவிடும். கிளீனராகச் சேர்ந்தவர் கற்கும் முதல் பாடங்களுள் இதுவும் ஒன்று. இறுகக் கட்டிய சரக்கின் மேல் கயிறுகள் சம இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் ஓடும் ஒழுங்கைப் பார்த்தே, வண்டி எந்த வீட்டினுடையது என்று அனுபவமுள்ளோர் சொல்லிவிடுவர்.

கேபின் வேறொரு வகை வேலை. மரச்சட்டத்தின் மேல் தகடு வளைத்து, கண்ணாடிக்கு மேலே நிழல் தரும் முகப்பை முன்னோக்கி நீட்டி, கூரையின் மேல் தார்ப்பாயும் கயிறும் வைக்கக் கேரியர் அமைத்து, உள்ளே சாமிப் படத்துக்கு மாடமும் சிறு விளக்குகளும் பொருத்துவர். இதில் மிகுந்த கவனம் பெற்றது படுக்கை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், தேசிய பர்மிட் பெற்ற வண்டியில், அதாவது பல மாநிலங்களில் ஓட உரிமை பெற்ற வண்டியில், இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்றும், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வண்டியின் முழு அகலத்துக்கும் மாற்று ஓட்டுநர் கால்நீட்டிப் படுக்கத்தக்க இருக்கை அமைய வேண்டும் என்றும் வகுத்தன. விதி சொன்னது இவ்வளவே. அந்தப் படுக்கைக்குக் காற்று வர எங்கே சாளரம் வைப்பது, தலைமாட்டில் பணமும் பர்மிட் தாள்களும் வைக்கும் பெட்டியை எப்படி மறைப்பது, எஞ்சின் சூடு முதுகில் ஏறாமல் எதைக் கொண்டு தடுப்பது என்பனவற்றை, அதில் படுத்து உறங்கிய முதலாளிகளே பட்டறைக்குச் சொல்லிக் கொடுத்தனர்.

வண்ணத்திலும் விதி நுழைந்தது. தேசிய பர்மிட் வண்டியின் கூண்டு காய்ந்த இலையின் பழுப்பு நிறத்திலும், அதன் ஓரம் 30 செ.மீ. அகல வெள்ளைப் பட்டையிலும் இருக்க வேண்டும், 60 செ.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் பர்மிட்டின் பெயர் இருபுறமும் எழுதப்பட வேண்டும் என்று அதே விதிகள் கூறின. நிறத்தை அரசு எடுத்துக்கொண்ட நிலையில், ஓவியர்கள் கேபினின் முகப்பையும் கூண்டின் பின்கதவையும் தமக்கென எடுத்துக்கொண்டனர். மஞ்சள், பச்சை, சிவப்பு எனாமலில் கொடியும் பூவும் கோலத்தை நினைவூட்டும் வடிவங்களும், திருஷ்டி கழிக்கும் பூத முகமும், நிழல் விட்டுப் புடைத்தெழச் செய்த தமிழ் எழுத்துகளும் அங்கே இடம் பெற்றன. முகப்பில் குலதெய்வமோ, திருச்செங்கோட்டு அர்த்தநாரீஸ்வரரோ, கூரையில்லாச் சந்நிதியில் 18 அடி உயரம் நிற்கும் நாமக்கல் ஆஞ்சநேயரோ பெயராக வந்தமர்ந்தார். கதவில் தாத்தா, தந்தை பெயர்களின் முதலெழுத்துகள் குடும்பத்தின் அடையாளமாகின. பின்புறத்தில் பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. புதிதாய்ப் பிறந்த குழந்தையின் பெயரை எழுதவென்றே பின்கதவில் இடம் விட்டு வைத்த வீடுகளும் உண்டு. எழுத்தின் வளைவில் தூரிகை ஓரிடத்தும் தயங்காமல் ஓடியிருப்பதைக் காணும்போது, அதை எழுதியவர் பெயர் எங்கும் இல்லையே என்ற ஆதங்கம் எழாமல் இராது. பின்னாளில் வந்த ஸ்டிக்கர் எழுத்து மலிவானது, விரைவானது; அழகில் இதன் அருகே வரக்கூடியதன்று.

வண்டி வீட்டு உறுப்பினராகவே நடத்தப்பட்டது. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் டிரிப் கணக்கு, அதாவது வாடகையிலிருந்து டீசல், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, ஓட்டுநர் பேட்டா ஆகியவற்றைக் கழித்து மிச்சம் காணும் கணக்கு, திண்ணையில் வைத்து முடிக்கப்பட்டது. ஆயுத பூஜையன்று கழுவி மாலையிட்ட வண்டியின் முன் குடும்பமே நின்றது. தேசிய பர்மிட்டுக்கு இரண்டு அச்சு வண்டியின் வயது 12 ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது, பல அச்சு வண்டிக்கு 15 என்ற வரம்பு இருப்பதால், அந்த வயது கடந்த வண்டி வெளிமாநில ஓட்டத்தை விட்டு உள்ளூர்ச் செங்கல், மணல் சுமைக்கு இறங்கும், அல்லது கைமாறும். விற்ற வண்டியை வழியில் கண்டால் நிறுத்தி, அதன் கூண்டு எப்படிப் பராமரிக்கப்படுகிறது என்று பார்த்துவிட்டுப் போகும் பழக்கம் பழைய முதலாளிகளிடம் இருந்ததைத் தொழிலில் உள்ளோர் நினைவுகூர்கின்றனர்.

இப்போது தொழிற்சாலையிலேயே கேபினும் கூண்டும் பொருத்திய முழு வண்டிகள் பெருகியுள்ளன. 2018-இல் நான்கு டயர் பூட்டிய தனி அச்சின் எடை வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது; 2025 அக்டோபர் முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டது. ஓட்டுநரின் உடல்நலத்தையும் மோதலின்போது அவர் உயிரையும் கருதினால் எஃகுக் கேபின் மரக் கேபினைவிட மேலானது என்பதில் ஐயமில்லை. பழைய கேபினின் அழகுக்காக அதை மறுப்பது முறையன்று. கூண்டின் நிலை வேறு. ஆலையில் ஒரே அச்சில் வார்த்த கூண்டு, நாரும் பஞ்சும் சிமென்டும் மாறி மாறி ஏற்றும் வண்டியின் தேவையைக் கேட்டு அறிவதில்லை. நாமக்கல் பட்டறைகள் சமையல் எரிவாயு டேங்கர், டிரெய்லர் வேலைகளுக்கும், திருச்செங்கோட்டுப் பட்டறைகள் இந்தியா முழுவதும் ஆழ்துளைக் கிணறு தோண்டச் செல்லும் ரிக் வண்டிகளுக்கும் தம் கைத்திறனைத் திருப்பியிருப்பதால், கலைஞர்கள் முற்றிலும் வேலையிழந்துவிடவில்லை. மறைந்து வருவது மரவேலையின் அறிவு: எந்தத் தூணுக்கு எவ்வளவு கனம், எந்த மூட்டுக்கு எவ்வளவு இடைவெளி, எந்தச் சரக்குக்கு எவ்வளவு உயரம் என்னும் அளவுகள் முதிய தச்சர்களின் நினைவில் மட்டுமே உள்ளன. கோயில் தேர்களின் அளவுகளை வரைந்து ஆவணப்படுத்தும் அக்கறை இந்தக் கூண்டுகளுக்கும் வேண்டும். அந்தத் தச்சர்கள் உளி பிடிக்கும் நிலையில் இருக்கும்போதே, நல்ல கூண்டு ஒன்றை மூட்டு மூட்டாகப் பிரித்து அளந்து, வரைந்து, மறுபடி கட்டிப் பார்க்கும் பணி தொடங்கப்பட வேண்டும்.