எழுத்து எது, குறியெண் எது? கட்டளை ஷெல்லின் வட்டார அமைவு குறித்த ஒரு திறனாய்வு

ஓஸ்லோவை அடுத்துள்ள ஸ்ட்ரோம்மன், 2020 முதல் லில்லெஸ்ட்ரோம் நகராட்சிக்குள் அடங்கும் ஊர். நோர்வேஜிய மொழியில் அதன் பெயர் எட்டு எழுத்துகளால் ஆனது. நான்காம் எழுத்து, குறுக்கே கோடு வெட்டிய ஓகாரம். ஏழு பிட் குறியீட்டுக் காலத்தில் நோர்வே, ஆங்கிலத்தில் இல்லாத தன் மூன்று உயிரெழுத்துகளுக்கு அமெரிக்க அட்டவணையின் சதுர, நெளிவு அடைப்புக்குறிகளும் பின்சாய்கோடும் நெட்டுக்கோடும் இருந்த இடங்களை எடுத்துக்கொண்டது. சிறிய ஓகாரத்திற்கு வாய்த்தது நெட்டுக்கோட்டின் இடம். யுனிக்ஸ் ஷெல்லுக்கோ நெட்டுக்கோடு என்பது ஒரு கட்டளையின் வெளியீட்டை மற்றொரு கட்டளைக்குள் செலுத்தும் குழாய். மேற்கோள்குறி இன்றி இவ்வூர்ப்பெயரை உள்ளிட்டால், ஷெல் முதல் மூன்று எழுத்துகளை ஒரு கட்டளையாகவும் இறுதி நான்கை வேறொரு கட்டளையாகவும் கொள்ளும். 'நீரோட்டம்' என்று பொருள்படும் பெயரைக் குழாய் ஒன்று இரண்டாக வெட்டியது தற்செயலே.

அச்சிக்கல் தீர்ந்துவிட்டது. எட்டு பிட் அட்டவணைகள் வந்தன. 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யூடிஎஃப்-8 பின்னர் எங்கும் பரவியது. வட்டார அமைவு சரியாக இருப்பின், பெயரின் நீளத்தைக் கேட்டால் பாஷ் ஷெல் எட்டு என்கிறது. மொழி அறியாத 'சி' அமைவில் பைட்டுகளை எண்ணி ஒன்பது என்கிறது. வட்டார அமைவைத் திருத்தினால் பிழை அகலும் என்னும் நம்பிக்கை இத்தகைய அனுபவங்களிலிருந்து பிறந்தது. நோர்வேஜியத்திற்கு அது உண்மை. அதைப் பொது உண்மையாகக் கொண்டதே ஆராயத்தக்கது.

அதே ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதி அதே ஷெல்லிடம் கொடுத்தால், 'சி' அமைவில் 33 என்றும் தமிழ் அமைவில் 11 என்றும் விடை வரும். தமிழ் கற்ற குழந்தை எண்ணினால் ஆறு: ஸ், ட், ரோ, ம், ம, ன். பிழையற்றது எனப்படும் அமைவிலும் விடை பிழையாகவே நிற்கிறது. காரணம் வெளிப்படை. இந்திய எழுத்துகளுக்கான இஸ்கி முறையை அடியொற்றிய ஒருங்குறி, அகரமேறிய மெய்க்கு ஒரு குறியெண்ணும் புள்ளிக்கும் உயிர்க்குறிகளுக்கும் தனித்தனிக் குறியெண்களும் தருகிறது. தொல்காப்பியம் முதலாக எழுத்தெனக் கொள்ளப்படும் மெய்யும் உயிர்மெய்யும் அங்கே பெரும்பாலும் கூட்டுப்பொருள்கள். ஷெல் எண்ணுவது குறியெண்களை. அதற்கு அது இட்ட பெயர் மட்டும் 'எழுத்து'.

திரையகலத்தில் இது இன்னும் விசித்திரமாகிறது. முனையத் திரையில் ஒவ்வொரு குறியெண்ணும் எத்தனை கட்டம் கொள்ளும் என்பதை ஷெல் முன்கூட்டியே கணிக்க வேண்டும்; இன்றேல் கர்சர் தவறான இடத்தில் நிற்கும். மார்க்குஸ் கூன் எழுதிப் பலராலும் எடுத்தாளப்பட்ட கணிப்பு நிரல், ஒருங்குறியின் வகைப்பாட்டைப் பின்பற்றி, இடங்கொள்ளாக் குறிகளுக்குச் சுழியமும் இடங்கொள்ளும் குறிகளுக்கு ஒன்றும் தருகிறது. தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் முதல் வகை. இகரக் குறி இரண்டாம் வகை. எனவே 'கி' இரண்டு கட்டம், 'கீ' ஒரு கட்டம். இலக்கணத்தில் ஒரு மாத்திரை பெறும் குறில் இரு மடங்கு இடம் பெறுகிறது. இரு மாத்திரை பெறும் நெடில் அதில் பாதியோடு அமைகிறது. வகைப்பாடு குறிகளின் வடிவை நோக்கி வகுக்கப்பட்டது. அதை அகலக் கணக்காக மாற்றியவர்கள் தமிழ் எழுத்துருவை அளந்து பார்த்ததாகத் தோன்றவில்லை.

அழித்தல் விசையின் செயல் விவாதத்திற்குரியது. 2004-இல் வந்த லினக்ஸ் 2.6.4 கருவகம், வரி உள்ளீட்டில் பைட்டுக்குப் பதிலாக முழுக் குறியெண்ணை அழிக்க வழிசெய்தது. 'ரோ'வில் குறி போய் 'ர' எஞ்சும். தட்டச்சு செய்வோர் சிலர் இதையே விரும்புவர்.

கோப்புப் பெயரில் நேரும் பிழைக்கு அத்தகைய சமாதானம் இல்லை. ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்பது ஒருங்குறியின் விதி. ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸ் முறைமைகள் பொதுவாகக் கொடுத்த பைட்டுகளை அப்படியே வைத்துக்கொள்கின்றன. ஆகவே மேக் கணினியிலிருந்து வந்த 'ஸ்ட்ரோம்மன்' என்னும் கோப்பு 36 பைட் பெயருடன் இருக்கும். ஷெல்லில் தட்டச்சிடும் பெயர் 33 பைட். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் கோப்பு 'இல்லை' என்று விடை வரும். நோர்வேஜியப் பெயருக்கு இவ்விடர் நேராது. அதன் ஓகாரத்திற்குப் பிரிப்பு வடிவமே இல்லை. ஒரே ஊர், ஒரே கணினி. ஒரு மொழியில் எழுதிய பெயர் தப்புகிறது, மற்றதில் எழுதியது தொலைகிறது. புலம்பெயர் தமிழரின் பள்ளிப் பதிவுகளும் ஆவணத் தொகுப்புகளும் ரோமன் எழுத்தில் பெயரிடப்படுவதைச் சோம்பல் என்று பழிப்போர் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

வரிசையிலும் இதே குறை. தமிழ் எழுத்துகள் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிவன. ஷெல்லின் தேடற்கோலத்தில் [அ-ன] என்று எழுதுபவர் பதினெட்டு மெய்களையும் எதிர்பார்ப்பார். குறியெண் வரிசையை அப்படியே பின்பற்றும் அமைவுகளில் (2022-இல் வந்த குனூ சி நூலகத்தின் 2.35 பதிப்பு அத்தகைய ஒன்றைச் சேர்த்தது) னகரம் நகரத்தை அடுத்து நிற்கிறது. ப, ம, ய, ர, ற, ல, ள, ழ, வ ஆகிய ஒன்பதும் வெளியே நிற்க, ஜகரம் உள்ளே வந்துவிடும். பதினெட்டு மெய்களில் சரியாகப் பாதி.

இவற்றை அறியாமையால் நேர்ந்த குறைகள் என்று ஏற்பது கடினம். போசிக்ஸ் தரம், இரு குறிகள் சேர்ந்து ஓர் எழுத்தாக வரிசைப்படுவதற்கு இடம் தந்திருக்கிறது. நோர்வேயில் இரட்டை அகரம் கொண்ட பெயர்கள் அகராதியின் இறுதிக்குச் செல்வது அவ்வழியால் இயல்கிறது. வரிசைப்படுத்தும்போது எழுத்து வேறு, குறி வேறு என்று ஒப்புக்கொண்ட தரம், எண்ணும்போதும் அகலம் கணிக்கும்போதும் அதை மறந்தது. எண்ணிக்கையில் அதன் தேவையை ஐரோப்பிய மொழிகள் அரிதாகவே உணர்ந்தன என்பதே பொருத்தமான விளக்கம்.

தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்ற டேஸ்16 முறை, ஓர் எழுத்துக்கு ஒரு குறியெண் தந்து எண்ணிக்கையை நேராக்குகிறது. ஆயினும் அது தனிப்பயன் பகுதியில் அமைந்தது; அங்குள்ள குறியெண்களுக்கு 'எழுத்து' என்னும் பண்பே ஒருங்குறியில் இல்லை. எண்ணிக்கையைப் பெற்று வகைப்பாட்டை இழப்பது நல்ல பேரம் அன்று. மாற்று வழி ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது: ஸ்விஃப்ட் நிரல்மொழி ஒருங்குறியின் எழுத்துக்கொத்து விதியால் எண்ணுகிறது, சேர்த்தெழுதிய ஓகாரத்தையும் பிரித்தெழுதியதையும் ஒன்றென ஒப்பிடுகிறது. அதில் ஸ்ட்ரோம்மன் ஆறே எழுத்து.

குனூ நூலகத்தில் தமிழுக்கு இந்தியா, இலங்கை என இரு அமைவுகள் உள்ளன. அவற்றின் வரிசை விதிகளைச் செம்மைப்படுத்துவது பயனுள்ள பணி. ஆனால் மேற்கண்ட பிழைகளில் பெரும்பாலானவை அங்கே இல்லை. எண்ணிக்கை ஷெல்லுக்குள்ளும் பெயர் ஒப்பீடு கோப்பு முறைமையின் வாயிலிலும் திருத்தப்பட வேண்டும். அகலத்தை ஷெல்லிலும் முனையத்திலும் ஒருங்கே மாற்ற வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றினால் கர்சர் இப்போது நிற்கும் இடத்தைவிடத் தள்ளி நிற்கும்.