எண்ணும் கண்ணீரும்
பாத்திரமேற்று விளையாட்டுக்களிற் காதலும் அவலமும் – ஒரு நோக்கு

புதிய கலைவடிவமொன்று தோன்றும்போது கற்றறிந்தோர் அதனை ஐயத்துடன் நோக்குதல் வழமை. நாவலும் சினிமாவும் இத்தகைய ஐயத்தைக் கடந்தே ஆய்வுக்குரிய பொருள்களாயின. கணினி விளையாட்டு இன்று அந்நிலையில் நிற்கின்றது. நம்மிற் பலர் விடுதி அறைகளில் இரவிரவாக அதனை விளையாடுகின்றோம். பகலில் விரிவுரை மண்டபத்தில் அதுபற்றி வாய்திறப்பதில்லை. விளையாடியவற்றுள் ஒன்று நம்மை அழவைத்திருப்பின் அதனை ஒப்புக்கொள்ளவும் கூசுகின்றோம். அவ்வழுகை பொய்யாயின் ஏன் பொய்யென நிறுவவேண்டும். மெய்யாயின் அதனை விளைவித்த எழுத்தின் திறன் யாதென ஆராயவேண்டும். கூசி ஒதுங்குதல் விமர்சனமாகாது. இப்பணியினை ஓரளவேனும் மேற்கொள்ள முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுவன பாத்திரமேற்று விளையாட்டுக்கள் எனப்படுபவை. இவற்றில் விளையாடுபவர் கதையின் தலைமைப் பாத்திரத்தைத் தாமே இயக்குகின்றார். வழியிலே துணைவர்களைச் சேர்த்துக்கொள்கின்றார். போரிட்டு அனுபவப் புள்ளிகளை ஈட்டுகின்றார். புள்ளிகள் பெருகப் பாத்திரங்களின் வலிமையும் பெருகும். ஒரு விளையாட்டை முடிக்க நாற்பது, ஐம்பது மணித்தியாலங்கள் செல்லுதல் சாதாரணம். 1974இல் அமெரிக்காவில் வெளியான, மேசையைச் சுற்றியிருந்து பகடையுருட்டி ஆடும் ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்பதே இவ்வகையின் மூலம். எண்ணே இவ்வடிவத்தின் அத்திவாரம் எனலாம். வலிமை ஓர் எண். உயிர் ஓர் எண். கைப்பொருளும் ஓர் எண். இங்கேதான் நமது வினா எழுகின்றது. அனைத்தையும் எண்ணாக்கும் ஒரு வடிவத்திலே, எண்ணிக்கைக்குள் அடங்காத காதலையும் துயரத்தையும் எழுதுதல் எங்ஙனம்?

முதலிற் காதலை நோக்குவாம். கனடாவின் பயோவெயார் நிறுவனம் 2009இல் வெளியிட்ட ‘டிராகன் ஏஜ்: ஒறிஜின்ஸ்’ என்னும் விளையாட்டிலே துணைவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அளவுகோல் உண்டு. தலைமைப் பாத்திரத்தின்மீது அவர் கொண்ட மதிப்பு எவ்வளவென அது காட்டும். உவப்பான சொல்லைத் தெரிவுசெய்தால் அது ஏறும். உவர்ப்பான சொல் அதனை இறக்கும். பரிசுப் பொருள்களைக் கொடுத்தும் அதனை உயர்த்தலாம். போதிய அளவு உயர்ந்ததும் காதற் காட்சிகள் திறக்கின்றன. இவ்விளையாட்டின் உரையாடல்கள் திறமையுடன் எழுதப்பட்டவை என்பதை மறுப்பதற்கில்லை. மொறிகன் என்னும் பெண் தன்னுள் முளைக்கும் அன்பைக் கண்டு தானே அஞ்சி விலக முனையும் பகுதிகள் நல்லதொரு நாவலில் இடம்பெறத் தக்கவை. ஆயினும் அவற்றின் அடியிலே ஓடும் பொறிமுறை யாது? பொருளைக் கொடு, அன்பைப் பெறு என்பதே. மனித உறவு பண்டமாற்றாகச் சுருங்கும் சமூகத்தின் தருக்கம் இங்கு விளையாட்டின் விதியாகவே வகுக்கப்பட்டுள்ளது. எழுத்தாளர் ஒன்றைச் சொல்ல, விதி வேறொன்றைச் சொல்கின்றது. உள்ளடக்கமும் உருவமும் முரணும்போது உருவம் சொல்வதே விளையாடுபவரின் மனத்திற் பதிகின்றது.

எண்ணை வைத்துக்கொண்டே இம்முரணைத் தணிக்கும் வழியொன்றை யப்பானின் ஸ்குவெயார் நிறுவனம் 1997இல் வெளியிட்ட ‘பைனல் பான்டசி 7’இற் காணலாம். இதன் நாயகன் கிளவுட் ஒரு மாலைப்பொழுதிலே கேளிக்கைப் பூங்காவொன்றில் துணையொருவருடன் உலாவச் செல்கின்றான். பூ விற்கும் எயரித், பால்யத் தோழி டீபா, சிறுமி யூபி, முரட்டுத் தோழன் பரெட் ஆகிய நால்வருள் எவர் வருவார் என்பது அதுவரை விளையாடுபவர் தெரிவுசெய்த சிறுசிறு விடைகளைப் பொறுத்தது. இங்கும் கணக்கு உண்டு. ஆனால் அது திரையில் எங்கும் காட்டப்படுவதில்லை. பல மணித்தியாலங்களுக்கு முன்னர் யோசியாது சொன்ன ஒரு சொல் இப்பொழுது பயன் தருகின்றது. எண் மறைக்கப்பட்டதும் அது நடத்தையாகிவிடுகின்றது. நமது வாழ்விலும் பிறர் நம்மீது கொண்ட அன்பின் கணக்கை நாம் பார்த்தறிவதில்லை அன்றோ? வழிகாட்டி நூலைப் புரட்டிக் கணக்கைத் தெரிந்துகொண்டு விளையாடுபவருக்கோ இம்மாலைப்பொழுது மீண்டும் வியாபாரமாகிவிடும் என்பதையும் சொல்லவேண்டும்.

கணக்குப் பார்க்கும் காதலையே விசாரணைக்கு உட்படுத்திய விளையாட்டும் ஒன்றுண்டு. கிறிஸ் அவலோன் தலைமையில் வடிவமைக்கப்பட்டு 1999இல் வெளியான ‘பிளேன்ஸ்கேப்: டோர்மென்ட்’ என்பதே அது. அதன் நாயகன் பெயரிலி. சாவு அவனுக்கு நிலைப்பதில்லை. ஆனால் செத்துப் பிழைக்கையில் நினைவு அழிந்து புதியவனாகின்றான். டெயொனாரா என்னும் பெண்ணின் ஆவி அவனைக் கண்டதும் காதலனென அழைக்கின்றது. அவனுக்கோ அவளை நினைவில்லை. பின்னர் அனுபவங்களைச் சேமித்து வைக்கும் கல்லொன்றைத் தொட்டு, அவளது காதல் நாளொன்றை அவளாகவே உணர்கின்றான். அதே கணத்தில், அன்று அவளருகே நின்ற தனது முன்னைய பிறவியின் உள்ளத்தையும் உணர்கின்றான். அவ்வுள்ளத்தில் அன்பில்லை, எந்தச் சொல்லைச் சொன்னால் இவள் தன்னைப் பின்தொடர்வாள் என்னும் கணக்கே இருந்தது. அவளது சாவினால் தனக்கு வரும் பயனையும் அவன் கணித்திருந்தான்.

இக்காட்சி பெரும்பாலும் எழுத்தினாலேயே ஆனது. படங்காட்டி இரங்கவைக்கும் முயற்சி எதுவும் இதில் இல்லை. ஆயினும் இதனை வாசிக்கும்போது விளையாடுபவர் திடுக்கிடுகின்றார். ஏனெனில், பாத்திரத்தின் அன்பைப் பெறும்பொருட்டுப் பட்டியலிலிருந்து ஏற்ற சொல்லைத் தேடித் தெரிவுசெய்தல் இவ்வகை விளையாட்டை ஆடுவோர் அனைவரும் செய்யும் செயல். பெயரிலியின் குற்றம் நமது பழக்கமாகவும் இருக்கின்றது. உருவத்தின் குறையினையே உள்ளடக்கமாக்கிய இவ்வெழுத்து உயர்ந்த இலக்கியங்களுடன் வைத்தெண்ணத் தக்கது என்பது எனது துணிபு.

இனி அவலத்துக்கு வருவோம். அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினின்றும் பிறக்குமெனத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுக்கும். இவற்றுள் இழவு என்பது சுற்றத்தை இழத்தலையும் பொருளை இழத்தலையும் ஒருசேரக் குறிக்குமென உரைகாரர் கொள்வர். இவ்விளக்கம் நமது பொருளுக்கு வியக்கத்தக்க வகையிற் பொருந்துகின்றது. விளையாட்டிலே ஒரு துணைவர் இறக்கும்போது நாம் இழப்பது ஓர் ஆளையும் ஒரு வலிமையையும்.

ஆனால் இவ்வடிவத்திலே சாவுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ‘பைனல் பான்டசி’ வரிசையிற் போரில் வீழ்ந்தவரைப் பீனிக்ஸ் பறவையின் இறகொன்றினால் எழுப்பிவிடலாம். அது கடையிற் கிடைப்பது. அவ்வாறாயின் கதையில் இறப்பவரை மட்டும் எழுப்ப முடியாதது ஏன்? 1992இல் வந்த இவ்வரிசையின் ஐந்தாவது விளையாட்டு இவ்வினாவை நேரே எதிர்கொண்டது. கலுப் என்னும் முதியவர் பகைவனுடன் தனித்துப் பொருகின்றார். உயிரெண் சுழியமான பின்னரும் வீழாது நின்று போராடுகின்றார். பின்னர் தோழர்கள் தம்மிடமுள்ள மந்திரங்களையும் மருந்துகளையும் ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்க்கின்றனர். அந்த இறகையும் பயன்படுத்துகின்றனர். எதுவும் பலிக்கவில்லை. விளையாட்டின் விதியே கைவிட்டுவிட்டதென்ற உணர்வு நம்மைக் கௌவுகின்றது. எனினும் அடுத்த கணம் அவரது பேத்தி கிரைல் அவருடைய ஆற்றல்கள் முழுவதையும் பெற்று அவரிடத்துக்கு வந்துவிடுகின்றாள். ஆள் போனார், கணக்கில் ஒன்றும் குறையவில்லை. இழவு பாதியாகவே நிற்கின்றது.

ஐந்தாண்டுகளின் பின் வந்த ஏழாவது விளையாட்டில் எயரித்தின் சாவு இக்குறையை நீக்கியது. மூன்று இறுவட்டுக்களில் முதலாவதன் இறுதியிலேயே அவள் கொல்லப்படுகின்றாள். பிரார்த்தனையில் அமர்ந்திருப்பவள்மீது கிளவுட் தன்வயமிழந்து வாளை ஓங்க, தோழர் தடுக்கின்றனர். அவன் தெளிந்த மறுகணம் மேலிருந்து இறங்கும் செபிரோத்தின் வாள் அவளை ஊடுருவுகின்றது. பிணிநீக்கும் ஆற்றலில் அவளே சிறந்தவள் என்பதனால் பலர் அவளைப் பல மணித்தியாலங்கள் பாடுபட்டு வளர்த்திருப்பர். அம்முயற்சி அனைத்தும் அவளுடன் போகின்றது. அவளிடத்துக்கு எவரும் வருவதில்லை. அதனைத் தொடரும் போரில் வழமையான போர்ப்பறை ஒலிப்பதில்லை. நொபுவோ உவெமாட்சு அவளுக்கென அமைத்த மெல்லிசையே தொடர்கின்றது. கை போரிட்டுக்கொண்டிருக்க, செவி இரங்கலைக் கேட்கின்றது. சினிமாவோ நாவலோ இவ்வாறு செய்தல் இயலாது.

வளர்த்த வலிமை போயிற்றே என்னும் நட்டவுணர்வுதான் இவ்வழுகை என்று சொல்வோருண்டு. அது முழு உண்மையன்று. உழைப்பும் உறவும் பிரிக்கவொண்ணாதவாறு பிணைந்திருத்தல் நமது வாழ்விலும் உள்ளதே. நட்டு நீரூற்றிய கை மரத்தை இழந்து வருந்தும்போது அது காய்க்காக மட்டும் வருந்துகின்றதா? நெறியாளர் யொஷினோரி கிடாசே, திரைப்படங்களில் வரும் வீரத் தியாகச் சாவுகளிலிருந்து விலகி, காரணமின்றித் திடீரென வரும் சாவின் வெறுமையையே நாடியதாகப் பின்னாளிற் செவ்விகளிற் கூறியுள்ளார். அந்நோக்கம் நிறைவேறியுள்ளது. ஆனால் 2024இல் வந்த மறுவாக்கம் பல உலகங்கள், பல சாத்தியங்கள் என்று இச்சாவின்மீது மூடுபனியைப் படரவிட்டுள்ளது. அவள் இறந்தாளா என்னும் ஐயம் ஆர்வத்தைத் தூண்டலாம், இழவைத் தராது. இறந்தோர் மீளமாட்டார் என்பதை நன்கறிந்த ஒரு நாட்டில் வளர்ந்த நாம், மீளாமையை மங்கவைக்கும் கலையை அத்துணை எளிதில் ஏற்றல் கூடாது.

எயரித்தின் பாத்திர வார்ப்பிலும் ஒரு குறை உண்டு. மலர் விற்கும் பெண், தூயவள், குலத்தின் எஞ்சிய கொழுந்து. ஆணின் கதை நகர்வதற்காகப் பெண் மாளும் பழைய மரபிலிருந்து அவள் தப்பவில்லை. இவ்வகையில் 1994இல் வந்த ஆறாவது விளையாட்டின் செலெஸ் ஒருபடி மேலானவள் எனலாம்.

செலெஸ் முன்னாளிற் பேரரசொன்றின் படைத்தலைவி. உலகம் அழிந்து ஓராண்டின் பின் யாருமற்ற தீவொன்றிலே கண்விழிக்கின்றாள். அவளைப் பேணிய முதியவர் சிட் நோயுற்றுக் கிடக்கின்றார். அவருக்கு உணவு வேண்டும். கரைக்குச் சென்று கையால் மீன் பிடிக்கவேண்டும். மெய்ப்பாட்டியலார் கூறும் அசைவு, அதாவது பண்டை நிலை கெட்டுத் தளர்தல், இங்கே முற்றாக அமைந்துள்ளது. விரைந்து நீந்தும் மீன் நல்லது. மெதுவாக நீந்துவது தீங்கு செய்வது. இதனை விளையாட்டு எங்கும் சொல்வதில்லை. முதியவரின் உயிரெண் திரைக்கு அப்பால் ஓசையின்றிக் குறைகின்றது. அவர் இறந்தால் செலெஸ் வாழ்வில் நம்பிக்கையிழந்து மலைமுகட்டிலிருந்து வீழ்கின்றாள். எனினும் உயிர்தப்பிக் கரையொதுங்குகின்றாள். அருகே அடிபட்ட பறவையொன்று. அதன் காயத்தைச் சுற்றியிருப்பது தான் நேசித்த லொக்கின் தலைத்துணி. எங்கோ ஒருவர் உயிருடன் இருக்கின்றார். அவள் தெப்பமேறிக் கடலுக்குள் இறங்குகின்றாள்.

இப்பாத்திரங்கள் திரையில் விரலளவு உருவங்களே. குரல் இல்லை, முகபாவம் இல்லை. தலை குனிதல், முதுகைத் திருப்புதல், ஓரிரு சிறு வசனங்கள் என்பவற்றால் மட்டுமே காட்சி அமைகின்றது. இன்றைய விளையாட்டுக்கள் கண்ணீர்த்துளியின் பளபளப்பையும் காட்டவல்லவை. ஆயினும் காட்டுதல் பெருகப் பெருக விளையாடுபவரின் கற்பனைக்கு இடம் சுருங்குகின்றது. அதனிலும் முக்கியமானது, இங்கே துயரம் நமது கையினால் நிகழ்கின்றது என்பதாகும். பார்ப்போர் இரங்கலாம், செய்தோரே குற்றவுணர்வு கொள்வர். இவ்வடிவத்துக்கே உரிய சுவை இதுவே.

நான் முதன்முறை இதனை விளையாடியபோது மெதுவாக நீந்திய மீன்களையே பிடித்தேன். அவையே எளிதிற் சிக்கின. நான்கைந்து முறை ஓடியோடிக் கொடுத்த பின் முதியவர் பேசாதிருந்தார். உண்மையை அறிந்தபின், சேமித்து வைத்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கி, விரைவான மீன்களைப் பிடித்து அவரைப் பிழைக்கவைத்தேன். அவர் எழுந்து அவளைத் தெப்பத்தில் வழியனுப்பினார். மகிழ்ச்சி உண்டாகவில்லை. அந்த இரண்டாவது முடிவு பொய்யென்றே பட்டது. எளிதிற் கிடைத்ததை அன்பென்று நினைத்து ஊட்டிய அந்த முதல் முறையே என்னுடையதாக இன்றுவரை நிற்கின்றது.

மீண்டும் தொடங்கும் வசதியுள்ள ஒரு கலை, மீண்டும் தொடங்க மனம் ஒப்பாத ஓர் அனுபவத்தைத் தரவல்லதாயின், அதனை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குதல் தகாது. எண்ணின்மீது எழுந்த இவ்வடிவம் எண்ணை மறைத்தும், இழக்கவைத்தும், அதனையே குற்றச்சாட்டாகத் திருப்பியும் மனித உணர்வைத் தொட்டிருக்கின்றது. அதன் வெற்றிகளையும் தோல்விகளையும் பிரித்தறியும் அளவுகோல்களை வகுத்தல் விளையாடும் தலைமுறையினராகிய நமது பொறுப்பாகும்.