நிகழ்நேர வியூக விளையாட்டு: ஐந்து மரபுகளும் ஐந்து உரைகற்களும்

கணினி விளையாட்டுகளில் நிகழ்நேர வியூக விளையாட்டுக்குத் தனி மரியாதை உண்டு. பொருள் சேர்த்து, கட்டடம் எழுப்பி, படை திரட்டி, எதிரியை வெல்வது வரை எல்லாப் பொறுப்பையும் அது ஒரே ஆளிடம் ஒப்படைக்கிறது. இங்கே யாரும் தன் முறைக்காகக் காத்திருப்பதில்லை. நாம் யோசிக்கும் நொடியிலும் எதிராளியின் படை நகர்ந்துகொண்டிருக்கும். ஆடுபவர்கள் ஆர்.டி.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் இந்த வகைக்கு முப்பது வயது கடந்துவிட்டது. அதற்குள் ஐந்து பெரிய மரபுகள் கிளைத்திருக்கின்றன. ஒவ்வொரு மரபும் மற்ற நான்கும் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய ஒன்றைக் கண்டுபிடித்தது. அந்தக் கல்வி பாதியில் நின்றுபோனதால்தான், இன்று புதிதாக வரும் ஆட்டங்களிலும் 1990-களின் குறைகள் அப்படியே தலைகாட்டுகின்றன. மரபுகளை வரிசையாகப் பார்த்து, ஒரு நல்ல ஆட்டத்தை எந்த உரைகல்லில் உரசிப் பார்ப்பது என்று சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

வெஸ்ட்வுட் மரபு

அமெரிக்காவின் லாஸ் வேகஸில் இயங்கிய வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் உருவாக்கிய 'டியூன் 2' 1992-ல் வந்தது. 1989-ல் ஜப்பானிலிருந்து வந்த 'ஹெர்சாக் ஸ்வை' போன்ற முன்னோடிகள் இருந்தாலும், அறுவடை, தளம், தொழிற்சாலை, படை என்ற வரிசை ஓர் இலக்கணமாக நிலைத்தது டியூன் 2-க்குப் பிறகுதான். அதில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு யூனிட்டை (படை அலகை) மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும். பத்து டாங்கிகளை நகர்த்த வேண்டுமென்றால் அதே வேலையைப் பத்து முறை செய்ய வேண்டும். முதல் முயற்சி என்பதால் அதை மன்னிக்கலாம். பின்வந்தவர்கள் அதைத் திருத்தவும் செய்தார்கள்.

1995-ல் அதே நிறுவனத்தின் 'கமாண்ட் அண்ட் காங்கர்' வந்தது. மவுஸால் ஒரு கட்டம் இழுத்து, எத்தனை யூனிட்டுகளையும் ஒன்றாக அள்ள முடிந்தது. அதைவிடப் பெரிய நன்மை திரையின் ஓரத்துப் பட்டியில் இருந்தது. வரைபடத்தின் எந்த மூலையில் போர் நடந்தாலும், பார்வையைத் தளத்துக்குத் திருப்பாமலே அந்தப் பட்டியிலிருந்து புதிய டாங்கிக்கு உத்தரவிடலாம். போரைப் பார்க்கும் கண்ணைப் பறிக்காமல் உற்பத்தியை நடத்த வழிசெய்த அருமையான ஏற்பாடு அது. போட்டி நிறுவனங்களின் ஆட்டங்களில் பெரும்பாலானவை அதை எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த மரபின் பலவீனம் அறுவடை வண்டி. பக்கத்திலுள்ள திபேரியம் என்ற வளத்தின் வயல் தீர்ந்ததும் அது தானாகவே அடுத்த வயலைத் தேடிப் போகும். அந்த வயல் எதிரியின் பீரங்கிகளுக்கு முன்னால் இருந்தாலும் நிற்காது. கமாண்ட் அண்ட் காங்கர் ஆடிய எவருக்கும் இந்த எரிச்சல் தெரியும். ஆடுபவர் எந்தத் தவறும் செய்யாமலே தன் பொருளாதாரத்தை இழக்கிறார்.

பிளிசார்ட் மரபு

பிளிசார்ட் 1994-ல் 'வார்கிராஃப்ட்' வெளியிட்டபோது ஒரே நேரத்தில் நான்கு யூனிட்டுகளைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. 1995-ன் 'வார்கிராஃப்ட் 2' அதை ஒன்பதாக்கியது. 1998-ன் 'ஸ்டார்கிராஃப்ட்' பன்னிரண்டாக்கியது. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதை வார்கிராஃப்டை உருவாக்கியவர்களில் ஒருவரான பேட்ரிக் வயட் பின்னாளில் எழுதியிருக்கிறார். அவர் எழுதிய நிரல் முதலில் எந்த வரம்பும் வைக்கவில்லை. கும்பலாகத் திரட்டி ஒரேயடியாக ஏவிவிடாமல், படையை எங்கே எப்படி நிறுத்துவது என்று ஆடுபவர் கவனிக்கட்டும் என்பதற்காக, நீண்ட வாதத்துக்குப் பின் குழு நான்கு என்று வரையறுத்தது. அதாவது, வரம்பு பிறந்தபோது அதற்கு ஒரு சிந்தனை இருந்தது.

ஸ்டார்கிராஃப்டில் அந்தச் சிந்தனை ஒரு கலையாகவே வளர்ந்தது. பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களாகப் படையைப் பிரித்து, ஒவ்வொரு தொழிற்சாலையையும் தனித்தனியே தொட்டு, பிறக்கும் ஒவ்வொரு தொழிலாளியையும் கையாலேயே சுரங்கத்துக்கு அனுப்ப வேண்டும். தென்கொரியாவில் இந்த உழைப்பு தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் தொழில்முறைப் போட்டியாயிற்று. நிமிடத்துக்கு 300 செயல்களைத் தாண்டும் வீரர்களின் விரல்களை மக்கள் வியந்து பார்த்தார்கள்.

2010-ல் 'ஸ்டார்கிராஃப்ட் 2' வந்தது. படை முழுவதையும் ஒரே பிடியில் எடுக்கலாம். பல கட்டடங்களை ஒன்றாகத் தேர்ந்தெடுக்கலாம். சுரங்கத்தை ஒருமுறை குறித்துவைத்தால், தொழிலாளிகள் பிறந்தவுடன் தாங்களே அங்கே போவார்கள். இவை விளையாட்டை மழுங்கடித்துவிடும் என்று பழைய ஆட்டக்காரர்கள் பலர் அஞ்சினார்கள். குறைந்த கைவேலையை ஈடுகட்டப் புதிய கைவேலைகள் சேர்க்கப்பட்டன. ராணி என்னும் யூனிட் குறித்த இடைவெளியில் கூட்டில் முட்டை விதைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. மறக்காமல் செய்தால் பலன், மறந்தால் நட்டம். செய்யலாமா வேண்டாமா என்று யோசிக்க அதில் அநேகமாக ஒன்றுமில்லை.

என்செம்பிள் மரபு

டெக்சஸில் இருந்த என்செம்பிள் ஸ்டூடியோஸ் 1997-ல் தொடங்கிய 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' வரிசை, வரலாற்றையும் குடிமக்களின் உழைப்பையும் நடுவில் வைத்தது. 1999-ன் இரண்டாம் பாகம் ஒரு சிறிய பொத்தானைத் தந்தது. வேலையில்லாமல் நிற்கும் கிராமத்தாரிடம் அது நேராகக் கொண்டுபோய் நிறுத்தும். ஆடுபவரின் கவனத்தை மதிக்கும் வடிவமைப்புக்கு இதைவிட எளிய சான்று கிடையாது.

அதே ஆட்டத்தில்தான் வயல் வறண்டதும் மறுபடி கையால் விதைக்கும் தொல்லையும் இருந்தது. 2000-ல் வந்த விரிவாக்கம், விதைப்பை முன்கூட்டியே வரிசையில் போட்டுவைக்கும் வசதியைத் தந்தது. 2005-ன் மூன்றாம் பாகத்தில் மறுவிதைப்பே ஒழிந்தது. இரண்டாம் பாகத்திலோ, 2019-ன் புதுப்பதிப்பில்தான் வயல்கள் தாமாகவே மறுபடி விதைத்துக்கொள்ளத் தொடங்கின. இருபது ஆண்டுகள்! பிக் ஹ்யூஜ் கேம்ஸ் உருவாக்கி 2003-ல் வந்த 'ரைஸ் ஆஃப் நேஷன்ஸ்' ஆட்டத்தில் சும்மா நிற்கும் குடிமக்கள் தாங்களே வேலை தேடிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டில் இருந்த விடையைப் பலர் எட்டிப் பார்க்கவேயில்லை.

ஆனாலும் இந்த மரபைப் பாராட்ட வேறொரு காரணம் இருக்கிறது. 1999-ன் ஆட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. 2022-ல் வந்த விரிவாக்கத்தில் திராவிடர் என்ற நாகரிகமும் ராஜேந்திர சோழனின் படையெடுப்பும் சேர்ந்தன. தொடர்ந்து பராமரித்தால் பழைய ஆட்டமும் வளரும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

கிறிஸ் டெய்லர் மரபு

1997-ல் கேவ்டாக் நிறுவனத்தில் கிறிஸ் டெய்லர் வடிவமைத்த 'டோட்டல் அனைஹிலேஷன்' இன்றைக்கும் பல புதிய ஆட்டங்களை வெட்கப்பட வைக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி கட்டளைகளை வரிசையாகக் கோக்கலாம்: இங்கே போ, அதைக் கட்டு, இதைப் பழுது பார், பிறகு சுற்றிக் காவல் செய். தொழிற்சாலைக்கும் நீண்ட உற்பத்தி வரிசை உண்டு. பொருள்கள் மொத்தமாகக் கழியாமல், நொடிக்கு நொடி ஓடும் வரவு செலவாக இருந்தன.

2007-ல் அவரே தந்த 'சுப்ரீம் கமாண்டர்', மவுஸ் சக்கரத்தின் ஒரு சுழற்சியில் ஒற்றை டாங்கியிலிருந்து முழு வரைபடத்துக்குப் பார்வையை விரித்தது. மினிமேப் என்ற சிறு சன்னலுக்குள் எட்டிப் பார்க்கும் தேவையே போயிற்று. இவ்வளவு பயனுள்ள கண்டுபிடிப்பு வகையின் பொதுச் சொத்தாகியிருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான ஆட்டங்கள் இன்றும் பார்வையைத் தரைக்கு மேலே சில அடி உயரத்திலேயே பூட்டிவைக்கின்றன. இந்த மரபின் குறை அதன் எடைதான்: ஆயிரக்கணக்கான யூனிட்டுகள் சேர்ந்ததும் கணினி திணறி, ஆட்டமே மெதுவாகிவிடும்.

மரபு இன்று தன்னார்வலர்கள் கையில் வாழ்கிறது. 'பியாண்ட் ஆல் ரீசன்' என்ற திறந்த மூல ஆட்டத்தில், மவுஸால் தரையில் ஒரு கோடு வரைந்தால் படை அந்தக் கோட்டின் மேல் சீராகப் பரவி நிற்கும்.

ரெலிக் மரபு

கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த ரெலிக், 1999-ல் 'ஹோம்வேர்ல்டு' மூலம் போரை விண்வெளியின் முப்பரிமாணத்துக்குக் கொண்டுபோனது. 2004-ன் 'டான் ஆஃப் வார்', 2006-ன் 'கம்பெனி ஆஃப் ஹீரோஸ்' இரண்டும் தனி வீரனை விட்டுவிட்டு அணியை அடிப்படை அலகாக்கின. பொருள் வேண்டுமென்றால் நிலத்தைப் பிடிக்க வேண்டும். அதனால் பொருளாதாரமும் போரும் ஒரே முடிவாயின. கம்பெனி ஆஃப் ஹீரோஸில், அணியை எங்கே அனுப்பினால் எவ்வளவு மறைவு கிடைக்கும் என்பதைக் கட்டளையிடும் முன்பே நிறப் புள்ளிகள் காட்டின. ஒரே விசையில் அணி பின்வாங்கி உயிர் தப்பும். மிகக் குறைந்த க்ளிக்குகளில் மிக அதிகமான முடிவுகளைக் கேட்ட மரபு இது.

உரைகற்கள்

இந்த ஐந்து மரபுகளும் சேர்ந்து நமக்கு ஐந்து அளவுகோல்களைத் தந்திருக்கின்றன.

முதலாவது: ஒரே ஒரு சரியான விடை மட்டுமே உள்ள வேலையை ஆடுபவர் தலையில் கட்டக்கூடாது. காய்ந்த வயலை விதைப்பதா வேண்டாமா என்று எவரும் நின்று யோசிப்பதில்லை. யோசனை இல்லாத இடத்தில் வியூகமும் இல்லை.

இரண்டாவது: இட்ட கட்டளை நிறைவேற வேண்டும். சதுரங்கத்தில் குதிரையை எந்தக் கட்டத்தில் வைப்பது என்பதுதான் ஆட்டம். குதிரை அங்கே போய்ச் சேருமா என்ற சந்தேகம் யாருக்கும் எழுவதில்லை. ஸ்டார்கிராஃப்டின் டிராகூன் என்னும் யூனிட்டுகள் சரிவுப் பாதையில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு தடுமாறியதற்கு 1998-ன் தொழில்நுட்பம் காரணம். ஸ்டார்கிராஃப்ட் 2 வந்த பிறகு அந்தச் சமாதானம் செல்லாது. பெருங்கூட்டம் தண்ணீர்போல வழிந்து நகர முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

மூன்றாவது: தேவையான செய்தி, ஆடுபவர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்துக்கே வர வேண்டும். உற்பத்தியை எங்கிருந்தும் நடத்துவது, பார்வையை விரிப்பது, விசைகளைத் தன் கைக்கேற்ப மாற்றிக்கொள்வது ஆகிய மூன்றும் சலுகைகள் என்ற நிலையிலிருந்து அடிப்படை உரிமைகள் என்ற நிலைக்கு வர வேண்டும்.

நான்காவது: வரம்பு என்றால் அதற்கு இன்றும் செல்லும் காரணம் வேண்டும். வார்கிராஃப்டின் நான்குக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை மறந்துவிட்டு எண்ணை மட்டும் நகலெடுக்கும் ஆட்டத்துக்கு அந்த நியாயம் கிடையாது.

ஐந்தாவது: புதியவருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். விரல் வேகம் குறைந்தவர், மணிக்கட்டு வலி உள்ளவர், நாற்பது வயதில் ஆட வருபவர் எல்லோருக்கும் யோசிக்கத் தெரியும். 2017-ன் 'தே ஆர் பில்லியன்ஸ்', ஆட்டத்தை நிறுத்திவைத்துக் கட்டளையிட அனுமதித்தது. 2023-ன் 'கம்பெனி ஆஃப் ஹீரோஸ் 3' தனியாள் ஆட்டத்தில் அதையே செய்தது. ஆட்டத்தின் பதற்றம் அதனால் குறைந்துவிடவில்லை.

எதிர்வாதமும் பதிலும்

கைவேகத்தைக் காப்பவர்களின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கவனமும் ஒரு செல்வம்தான், அதை எங்கே செலவிடுவது என்பதே உயர்ந்த வியூகம் என்கிறார்கள் அவர்கள். தளத்தைக் கவனித்தால் போர்க்களம் கைவிட்டுப் போகும். போர்க்களத்தைக் கவனித்தால் தளம் தேங்கும். அந்த இழுபறியில்தான் பெரும் வீரர்கள் உருவானார்கள். 2017-ல் 'ஸ்டார்கிராஃப்ட்' படத் துல்லியம் கூட்டி மறுபதிப்பானபோது பன்னிரண்டு என்ற வரம்பு தொடப்படவில்லை. அது சரியான முடிவு. இருபது ஆண்டுக் கலை அந்த விதியின் மேல் நிற்கிறது. ஆட வருபவர் அதை அறிந்தே வருகிறார்.

ஆனால் கவனத்தை எங்கே செலவிடுவது என்பது உண்மையான தேர்வாக இருக்க வேண்டுமானால், இரண்டு பக்கமும் யோசிக்கத்தக்க வேலை இருக்க வேண்டும். ஒரு பக்கம் முடிவெடுப்பும் மறுபக்கம் வெறும் எடுபிடி வேலையுமாக இருந்தால் அந்தத் தேர்வுக்கு மதிப்பில்லை. டீப்மைண்டின் செயற்கை நுண்ணறிவான ஆல்ஃபாஸ்டார் தொழில்முறை வீரர்களை ஸ்டார்கிராஃப்ட் 2-ல் வென்ற செய்தி 2019-ல் வெளிவந்தபோது எழுந்த பெரிய கேள்வியும் இதைச் சுற்றித்தான் இருந்தது: அது சிந்தனையால் வென்றதா, எந்த மனிதக் கைக்கும் எட்டாத துல்லிய வேகத்தால் வென்றதா? பின்னர் அதன் செயல் வேகத்துக்குக் கடுமையான வரம்பு வைக்கப்பட்டது. வேகத்தைக் கழித்துவிட்டு மிஞ்சுவதை அளந்தால்தான் வியூகத் திறன் தெரியும் என்பதை அந்த ஏற்பாடே ஒப்புக்கொள்கிறது.

தவறான சீர்திருத்தங்களும் நடந்ததுண்டு. 2010-ன் 'கமாண்ட் அண்ட் காங்கர் 4' தளம் கட்டும் முறையையே தூக்கி எறிந்தது, ரசிகர்கள் ஏற்கவில்லை. அந்தத் தோல்வியைக் காட்டி, எதையும் மாற்றாமல் இருப்பதே பாதுகாப்பு என்று முடிவுகட்டுவது பிழை. தளமும் பொருளாதாரமும் இந்த வகையின் வேர். ஒழிக்க வேண்டியது அவற்றைச் சுற்றி ஒட்டிக்கொண்ட வெற்று வேலைதான். 2020-ல் கமாண்ட் அண்ட் காங்கரின் மறுபதிப்பு, பழைய தோற்றத்தைக் காத்துக்கொண்டே உற்பத்தி வரிசையைச் சேர்த்தது. 'ஓப்பன்ஆர்ஏ' என்ற திறந்த மூலத் திட்டத்தின் தன்னார்வலர்கள் அதே பழைய ஆட்டங்களுக்கு, வழியில் எதிர்ப்படும் எதிரியைத் தாக்கியபடியே முன்னேறும் கட்டளையைக் கொடுத்தார்கள். 2024-ல் முழுமையாகும் முன்பே ஆடக் கிடைத்த 'ஸ்டார்ம்கேட்', தளத்துக்குத் திரும்பாமலே கட்டவும் உற்பத்தி செய்யவும் ஒரு பட்டியை வைத்தது. வெஸ்ட்வுட் 1995-லேயே காட்டிய வழி அது.

ஆகவே தேவையான விடைகள் எல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. அவை ஐந்து மரபுகளில் சிதறிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். சம்பளமில்லாத தன்னார்வலர்கள் அவற்றில் பலவற்றைத் திரட்டி, இலவசமாகவே தருகிறார்கள். பணமும் ஆள்பலமும் உள்ள நிறுவனங்கள் இனி வெறும் படத் துல்லியத்தைக் காட்டி விலை கேட்கக்கூடாது. தங்கள் ஆட்டம் கேட்கும் ஒவ்வொரு க்ளிக்கையும் எடுத்து வைத்து, இது எந்த முடிவை நம்மிடம் கேட்கிறது என்று அவர்கள் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத க்ளிக்கைக் கணினியிடம் விட்டுவிட வேண்டும். ஆடுபவர்களாகிய நாமும் அந்த விடை கிடைக்கும்வரை பழைமையை மரபு என்று பெயர் சூட்டி ஏற்றுக்கொள்ளக்கூடாது.