வினாவும் விரைவும்
வகுப்பறையில் இணைய ஊடாட்டக் கருவிகள்: ஒரு விமர்சன நோக்கு

கல்வித்துறையிற் புதிய கருவியொன்று புகும்போது அதனை வரவேற்போர், வெறுப்போர் என இரு சாரார் தோன்றுவது வழக்கம். இரு சாராரும் பெரும்பாலும் கருவியின் புதுமையைப் பற்றியே பேசுகின்றனர். அதன் அமைப்பை ஆராய்வோர் சிலரே. இலக்கிய வடிவமொன்றை நோக்குமிடத்து அது எந்தச் சூழலிற் பிறந்தது, எதனைச் சொல்ல இடந்தருகிறது, எதனைச் சொல்லவிடாது தடுக்கிறது என்று நாம் வினவுகின்றோம். மாணவரை ஈடுபடுத்துவதற்கென விரிவுரை மண்டபங்களில் இன்று கையாளப்படும் இணையக் கருவிகளையும் இவ்வாறே வினவுதல் வேண்டும். அத்தகைய வினவலின் தொடக்கமாகவே இக்கட்டுரை அமைகிறது.

இக்கருவிகள் நம்மிடையே பரவலாகப் புகுந்த சூழலை முதலில் மனங்கொள்ளல் தகும். 2020 மார்ச்சில் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது விரிவுரைகள் சூம் வழியாக நடைபெறலாயின. பல்கலைக்கழகங்களின் பொது வலையமைப்பான லேர்ன் அதற்கு வழிசெய்தது. விரிவுரையாளரின் முன் முகங்களுக்குப் பதிலாகக் கறுப்புச் சதுரங்களே இருந்தன. அச்சதுரங்களுக்குப் பின்னால் மாணவர் உண்மையில் இருக்கின்றனரா என அறியும் தேவை எழுந்தது. அத்தேவைக்குக் கஹூட், மென்ரிமீற்றர், பட்லெற் முதலியன விடையாயின. மண்டபங்கள் மீளத் திறக்கப்பட்ட பின்னரும் அவை நிலைத்துவிட்டன. இருப்பை அறிவதற்கு வந்த கருவி ஈடுபாட்டை அளக்கும் கருவியாகவும் கொள்ளப்பட்டமை இங்கு நிகழ்ந்த முதலாவது மயக்கமாகும்.

இவற்றுட் கஹூட்டை எடுத்துக்கொள்வோம். நோர்வே நாட்டின் விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வொன்றின் அடிப்படையில் உருவாகி, 2013இற் பொதுப் பயன்பாட்டிற்கு வந்த கருவி அது. வினா திரையிலே தோன்றும். மாணவர் தத்தம் கையடக்கத் தொலைபேசியில் நிறமிட்ட கட்டங்களுள் ஒன்றைத் தொடுவர். ஒவ்வொரு வினாவின் முடிவிலும் முன்னணியில் நிற்போரின் பெயர்ப்பட்டியல் வெளியிடப்படும். இசையும் போட்டியும் கூடி மண்டபத்திற் கலகலப்பை உண்டாக்குகின்றன. இக்கலகலப்பைச் சிறுமைப்படுத்தவேண்டியதில்லை. இரண்டு மணிநேர விரிவுரையின் நடுவே சோர்ந்திருப்போரை அது நிமிர்த்துகிறது. முற்கூறப்பட்டவை நினைவில் நிற்கின்றனவா எனவும் காட்டுகிறது.

ஆயினும் புள்ளி வழங்கும் முறையைக் கூர்ந்து நோக்கினால் வேறொன்று புலப்படும். அதன் வழக்கமான அமைப்பிற் சரியான விடைக்குரிய உச்சப்புள்ளி 1000. காலம் கடக்கக் கடக்க இப்புள்ளி குறைந்து, கடைசிக் கணத்தில் விடையளிப்பவருக்கு ஏறத்தாழ அரைப்பங்கே எஞ்சும். 20 விநாடி வினாவொன்றில் ஒருவர் 4 விநாடி தாமதித்தால் 100 புள்ளிகளை இழப்பார். அத்தாமதம் சிந்தித்ததனாலும் ஏற்படலாம். பழைய தொலைபேசியாலோ நலிந்த சமிக்ஞையாலோ ஏற்படலாம். கருவி இவற்றுக்கிடையே வேறுபாடு காண்பதில்லை. 1945இல் இலவசக் கல்வியை நடைமுறைப்படுத்திய நாடு இது. கட்டணம் செலுத்த இயலாமை கல்விக்குத் தடையாதலாகாது என்பதே அதன் அடிப்படை. தொலைபேசியின் விலை புள்ளியாக மாறித் திரையிலே தோன்றுமிடத்து அக்கோட்பாடு எவரும் அறியாமலே பின்வாசல் வழியாக மீறப்படுகிறது. 2021இல் மலைநாட்டுக் கிராமங்களிற் சமிக்ஞையைத் தேடிப் பாறைகளிலும் மரங்களிலும் ஏறிய பிள்ளைகளையும், 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை நீடித்த மின்வெட்டையும் கண்ட பின்னர் இதனைச் சிறிய குறையென்று ஒதுக்குதல் இயலாது. புள்ளியின்றி வினாவை அமைக்கவும் காலத்தை நீட்டவும் ஆசிரியருக்கு வழியுண்டு என்பது உண்மையே. எனினும், கருவி எடுத்த எடுப்பிலே நம் கையில் தருவது போட்டியையே.

இக்கருவிகளை முற்றிலும் புதியன என்பதும் பொருந்தாது. சிட்னி பிரெஸ்ஸி என்னும் அமெரிக்க உளவியலாளர் 1920களிலேயே தெரிவு வினாக்களைத் தானாகத் திருத்தும் பொறியை அமைத்தார். 1950களிற் பி. எஃப். ஸ்கின்னர் தமது போதனைப் பொறிகளை முன்வைத்தார். ஸ்கின்னரின் நடத்தைவாதம் மனித மனத்தைச் சுருக்கிக் காண்கிறது என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. ஆனால், அவர் இரண்டு விடயங்களை வற்புறுத்தினார். மாணவர் விடையைத் தெரிவுசெய்தல் போதாது, தாமே ஆக்கவேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொருவரும் தத்தம் வேகத்திலே முன்னேறவேண்டும் என்பது மற்றொன்று. நிறக்கட்டங்களும் விநாடிக் கணக்கும் இவ்விரண்டையும் கைவிட்டுவிட்டன. எழுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட பொறியொன்று கற்போனுக்கு வழங்கிய அவகாசத்தை இன்றைய கருவி மறுப்பது வளர்ச்சியாகுமா?

கலைத்துறை மாணவரைப் பொறுத்தவரை இவ்வினா இன்னும் கூர்மையடைகிறது. கோவலன் கொலையுண்டமைக்குக் காரணம் யாது என்ற வினாவை நான்கு கட்டங்களில் இடுவதாகக் கொள்வோம்: பொற்கொல்லனின் வஞ்சகம், பாண்டியனின் ஆராயாமை, கோவலனின் ஒழுக்கம், ஊழ்வினை. கருவி இவற்றுள் ஒன்றைச் ‘சரி’ எனக் குறிக்குமாறு ஆசிரியரைக் கேட்கும். வழக்குரை காதையில் மன்னன் தன் தவற்றைத் தானே ஏற்று உயிர்விடுகிறான். கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் முற்பிறப்பு வினையைக் கூறுகிறது. ஒரே காப்பியம் அரசின் பொறுப்பையும் ஊழின் வலியையும் அடுத்தடுத்து வைப்பதனாலேயே அது இன்றும் விவாதத்திற்குரியதாய் நிற்கிறது. இருபது விநாடியில் ஒரு நிறத்தைத் தொடுபவர் அவ்விவாதத்தின் வாயிலிலேயே நின்றுவிடுகின்றார்.

மென்ரிமீற்றரின் சொல்முகிலும் ஆராயத்தக்கது. மாணவர் அனுப்பும் சொற்களுள் மிகுதியாக வருவது பெரிதாகவும் அருகி வருவது சிறிதாகவும் திரையிலே தோன்றும். இம்முறை எழுத்து வடிவை ஒப்பிட்டு எண்ணுவது. தமிழோ உருபேற்றுத் திரியும் சொற்களையுடைய மொழி. ‘வறுமை’ என ஒருவரும் ‘வறுமையால்’ என ஒருவரும் ‘வறுமையின் கொடுமை’ என வேறொருவரும் எழுதினால் அவை மூன்று வேறு கருத்துக்களாய்ச் சிதறும். தமிழ் விசைப்பலகை பழகாதோர் ஆங்கில எழுத்திலே தட்டும் சொல் நான்காவதாகும். பெரும்பான்மையோர் நினைத்தது சிறிதாகவும், தற்செயலாக ஒரே வடிவில் எழுதப்பட்டது பெரிதாகவும் தோன்ற இடமுண்டு. அதனை வகுப்பின் பொதுக்கருத்தெனக் கொண்டு விரிவுரையைத் தொடருவது தவறான பாடத்தை வைத்து உரை எழுதுவதை ஒக்கும்.

இவ்வளவும் கூறியமையாற் பழைய மண்டபத்தின் மௌனத்தை நாம் போற்றுவதாகக் கொள்ளலாகாது. ‘ஏதேனும் வினா உண்டா?’ என்று விரிவுரையாளர் கேட்டதும் கவியும் மௌனத்தை அறியாதார் யார்? முன்வரிசையிலிருக்கும் இருவர் மூவரின் குரலே வகுப்பின் குரலாய் அமைந்துவிடுகிறது. தவறாகப் பேசி நகைப்புக்கிடமாகும் அச்சமும் பட்டினத்துப் பாடசாலைப் பழக்கமின்மையும் பலரின் வாயை அடைக்கின்றன. பெயர் குறியாது விடையளிக்க இடந்தரும் கருவி இவர்களுக்கு முதன்முறையாக ஒரு வழியைத் திறக்கிறது. இது மெய்யான பேறு. ஆனாற் பெயரற்ற விடையை எவரும் நின்று நிலைநாட்டவேண்டியதில்லை. மறுப்பைக் கேட்டுத் திருத்தவேண்டியதுமில்லை. வாய்திறக்க அஞ்சியவர் விரலாற் பதிலளித்துவிட்டு மீண்டும் மௌனியாகுவாராயின், அவர் பங்குபற்றினார் என்பதற்குத் திரையிலுள்ள எண்ணிக்கையைவிட வேறு சான்றில்லை.

இவ்விடத்து ஹாவார்ட் பல்கலைக்கழகப் பௌதிகவியற் பேராசிரியர் எரிக் மஸூர் 1991 முதல் கையாண்ட முறை நினைவுகூரத்தக்கது. அவர் கருத்துவினாவொன்றை இடுவார். மாணவர் தனித்தனியே சிந்தித்து விடையளிப்பர். ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது முதல் எழுபது வரையானோரே சரியாகக் கூறினராயின், அருகிலுள்ளோருடன் வாதிட்டுத் தத்தம் காரணங்களை எடுத்துரைக்குமாறு பணிப்பார். பின்னர் மீண்டும் விடை கேட்பார். இம்முறையின் உயிர் இரு வாக்கெடுப்புகளுக்கும் இடைப்பட்ட பேச்சிலேயே உள்ளது. கையுயர்த்தியும் நிறஅட்டையைக் காட்டியுங்கூட இதனை நடத்தலாம்.

நமது மரபும் இதற்கு அந்நியமானதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியர் கூறுவதை முழுதும் உட்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே என்கிறது. உடன்பயில்வோருடன் பழகுவதால் இன்னொரு காற்பங்கும், தான் பிறர்க்கு உரைப்பதால் எஞ்சிய இரு காற்பங்கும் கைகூடும் என்பது பவணந்தியார் கருத்து. இக்கணக்கை அளவுகோலாகக் கொண்டால் இன்றைய கருவிகள் பெரும்பாலும் முதற் காற்பங்கையே சோதிக்கின்றன. இரண்டாவதற்கு வாயிலாக அவற்றைப் பயன்படுத்தலாம். எஞ்சிய பாதியை மாணவர் வாய்திறந்தே அடைதல் வேண்டும்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. இவை வணிக நிறுவனங்களின் உற்பத்திகள். கட்டணமின்றிப் பயன்படுத்துவோர்க்கு வரையறைகள் உண்டு. 2023இற் கஹூட்டை வாங்க முன்வந்தது கோல்ட்மன் சாக்ஸ் தலைமையிலான முதலீட்டுக் கூட்டு. கலகலப்பை இடைவிடாது உண்டாக்குவது அத்தகைய நிறுவனத்தின் தேவை. மாணவரின் தேவை சில வேளைகளில் அமைதியான அரைமணி நேரமாக இருக்கலாம்.

ஆகவே, கருவியை வகுப்பறையிலிருந்து வெளியேற்றுவது தீர்வன்று. கோவலன் பற்றிய அதே வினாவை, சரியான விடை எதனையும் குறிக்காது, புள்ளியின்றி, தொலைபேசி இல்லாதோர் அயலாருடன் சேர்ந்து விடையளிக்குமாறு இடுவோம். பிளவுபட்ட வாக்குகள் திரையிலே தெரிந்ததும் கருவியை மூடிவிட்டு, ஊழ்வினை என்றோரும் அரசன் என்றோரும் நூலைத் திறந்து தத்தம் சான்றுகளைக் காட்டட்டும். அதன்பின் மீண்டும் வாக்கெடுத்து, மனம் மாறியோர் ஏன் மாறினர் என உரைக்கட்டும். இதற்கு மேலதிகச் செலவில்லை. கூடுதலாக அரைமணி நேரம் வேண்டும். பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்திலிருந்து அந்த அரைமணி நேரத்தை விடுவிக்க விரிவுரையாளர் முன்வரவேண்டும். அதனைப் பயன்படுத்துதற்கு நூலைப் படித்துவிட்டு மண்டபத்துள் நுழைய மாணவராகிய நாமும் முன்வரவேண்டும்.